கல்லைத் தூக்கி எறியுமுன்...

பிள்ளையின் காற்சட்டையைத் துவைக்கப் போடுமுன் பையைக் கொட்டிப் பார்க்காத தாய் உண்டா? பொத்தான், போளை, ரப்பர் துண்டு இவற்றோடு இரண்டு மூன்று கற்களும் விழும். "இந்தக் குப்பையெல்லாம் வீட்டுக்கு எதற்கு?" என்று ஏசிவிட்டு, முற்றத்தில் வீசி விடுகிறோம்.

வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் வாழும் சகோதரிகளே! வீசுமுன் ஒரு தடவை அந்தக் கல்லைத் திருப்பிப் பாருங்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதர் தம் கையால் தட்டிச் செய்த ஆயுதமாகவும் அது இருக்கக்கூடும்.

இது கட்டுக்கதை அல்ல. மஸ்கெலியாவில் தோட்டத்துரையாக இருந்த ஜோன் போல் என்பவர் இத்தகைய கற்களைத் தேடிச் சேர்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்தார். 1913இல் அவற்றைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். 1907இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பவுல் சரசின், பிரிட்ஸ் சரசின் ஆகியோர் நமது ஊவாவின் குகைகளிலும் பண்டாரவளைக் குன்றுகளிலும் கற்கருவிகளைக் கண்டனர். பண்டாரவளைக் கற்களைப் பற்றி மட்டுமே 1940இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. நமக்குப் பக்கத்து ஊர் உலக ஆராய்ச்சியாளருக்கு அறிமுகமானது இந்தச் சிறு கற்களால்தான்.

அம்பு முனையா?

இத்தகைய கல்லைக் கண்டதும் "அம்பு முனை" என்று சொல்லத் தோன்றும். அமெரிக்காவில் கிடைப்பவை போல அழகிய முக்கோண அம்பு முனைகளை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். நம் நாட்டுக் கற்கருவிகள் மிகச் சிறியவை. பெரும்பாலானவை 4 சென்ரிமீற்றருக்கும் குறைவு. பிறை வடிவிலும், முக்கோணமாகவும், சரிவகமாகவும் இருக்கும். இவற்றை மரத் தண்டில் பிசின் வைத்துப் பதித்து, அம்பின் அலகாகவும் கத்தியின் வாயாகவும் பயன்படுத்தியிருப்பார்கள் என்பது ஆய்வாளர் கருத்து.

உண்மையான அம்பு முனைகளை எலும்பில் செய்தார்கள். களுத்துறை மாவட்டம் புலத்சிங்களவுக்கு அருகிலுள்ள பாகியன் குகையில் நூற்றுக்கு மேற்பட்ட எலும்பு முனைகள் கிடைத்தன. அவற்றில் மிகப் பழையவை ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2020இல் ஆய்வாளர் அறிவித்தனர். ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் இருந்ததற்கு அதுவே மிகப் பழைய சான்று என்றும் கூறினர். நமது திறந்த குன்றுகளில் மழையும் மண்ணின் புளிப்பும் எலும்பைத் தின்றுவிடும். கல் மட்டுமே மிஞ்சும்.

அடையாளம் காண்பது எப்படி?

முதலில் கல்லின் இனத்தைப் பாருங்கள். பெரும்பாலும் வெள்ளையாகவோ கண்ணாடி போலவோ உள்ள படிகக்கல்லாக இருக்கும். சிங்களத்தில் திருவாணா என்பார்கள். சில, சேர்ட் எனும் வழுவழுப்பான கல்லில் செய்யப்பட்டவை.

அடுத்து விளிம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் கூராகவும், எதிர்ப்பக்கம் வேண்டுமென்றே மழுக்கியதாகவும் இருக்கிறதா? மழுக்கிய பக்கத்தில் எறும்பு கடித்தது போலச் சின்னச் சின்னச் சில்லுகள் வரிசையாகப் பெயர்ந்திருக்கின்றனவா? தானாக உடைந்த கல்லில் அப்படி ஓர் ஒழுங்கு காண்பது அரிது. சேர்ட் கல்லானால், உடைந்த முகத்தில் சிப்பியின் உட்புறம் போல வளைவான அலைகளும் தெரியும்.

ஆற்றில் உருண்ட கல்லின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். வீதிக்குப் போடும் சல்லியிலும் கூரான துண்டுகள் உண்டு. ஆகவே ஒரு கல்லை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே மேட்டில் ஒரே வகைச் சில்லுகள் பல கிடந்தால்தான் கவனிக்க வேண்டும்.

எடுத்து வைக்கலாமா?

இங்கேதான் பலர் தவறி விடுகிறார்கள். கல் தன் வயதைத் தானே சொல்லாது. அது கிடந்த மண்ணடுக்கும், பக்கத்தில் இருந்த கரித்துண்டும்தான் சொல்லும். இடம் தெரியாமல் அலமாரிக்கு வந்துவிட்ட கல், முகவரி கிழிந்த கடிதத்தைப் போன்றது. பழைய சேகரிப்பாளர்கள் பெட்டி பெட்டியாகச் சேர்த்த கற்கள் பலவற்றின் நிலையும் அதுவே.

சட்டமும் உண்டு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, கண்டுபிடிக்கப்படாதிருந்த தொல்பொருட்கள், நிலத்தின் மேல் கிடந்தாலும் கீழே புதைந்திருந்தாலும், அரசுக்கே உரியவை. அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். விற்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். அது நம் கையில் வந்த அமானிதம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? கல்லைக் கிடந்த இடத்திலேயே விட்டு, பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். எந்த மேடு, யாருடைய காணி, எந்தத் திகதி என்று ஒரு கொப்பியில் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். கிராம உத்தியோகத்தர் மூலமோ நேரடியாகவோ தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். கொழும்பு சென்றால் தேசிய நூதனசாலையில் கற்கருவிகளைக் காட்டுங்கள். ஒரு முறை பார்த்த கண் பிறகு மறக்காது.

வீடு கட்டவும் உருளைக்கிழங்கு போடவும் நமது மேடுகள் ஆண்டுதோறும் வெட்டப்படுகின்றன. வெட்டிய மண்ணோடு இந்தக் கற்களும் லொறியேறிப் போகின்றன. அடுத்த முறை உங்கள் காணியில் மண் வெட்டும்போது, கூலியாட்கள் வருமுன் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு அந்த மேட்டை ஒரு சுற்றுப் பார்த்து வாருங்கள்.