டெட்ராயிட் யந்திரங்கள் – 14: கம்பி செய்கிற காரியம்

கிரைஸ்லரின் டார்க்ஃப்ளைட் ஆட்டோமாடிக் கியர் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு கிளச்சுகளையும் இரண்டு பேண்டுகளையும் பற்றிச் சென்ற வாரம் எழுதியாயிற்று. தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு அதையே மறுபடி சொல்லிக்கொண்டிருக்க இங்கே இடமில்லை. இந்த வாரம், மூன்று கார்புரேட்டர்கள் பூட்டிய 440 சிக்ஸ் பேக் இன்ஜினுக்குக் கிக்டவுன் லிங்கேஜ் பொருத்தும் முறையை விவரிப்பதாக வாக்களித்திருந்தேன். அதற்கென்று கிரைஸ்லர் கம்பெனியின் சர்வீஸ் மானுவலை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன், லிங்கேஜ் அத்தியாயத்தைத் தாண்டி, எண்ணெய் அழுத்தத்தைச் சோதிக்கும் பக்கத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டேன். சிக்ஸ் பேக்குக்காகக் காத்திருக்கும் வாசகர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

அந்தப் பக்கம் சொல்லுகிற சோதனை இதுதான். காரை உயர்த்தி நிறுத்திப் பின் சக்கரங்கள் தாராளமாகச் சுழலும்படி விட்டு, கியர் பெட்டியின் எண்ணெய்ப் பாதையில் ஓர் அழுத்தமானியைப் பொருத்தி, செலக்டரை முதல் கியரில் வைத்து, இன்ஜினை நிமிஷத்துக்கு 1000 சுற்று என்ற ஒரே வேகத்தில் ஓடவிட வேண்டும். அப்பொழுது முள் சதுர அங்குலத்துக்கு 54 முதல் 60 பவுண்டு வரையில் காட்டும். பிறகு காரின் கீழே படுத்திருக்கும் மெக்கானிக், கியர் பெட்டியின் இடப்பக்கத்தில் இருக்கும் ஒரு சிறிய லீவரைக் கையால் மெல்லப் பின்னோக்கி நகர்த்த நகர்த்த, அந்த முள் படிப்படியாக ஏறி 90 பவுண்டுக்கும் மேலே போய் நிற்கும். இன்ஜினின் வேகம் மாறவில்லை. கார்புரேட்டரை ஒருவரும் தொடவில்லை. எண்ணெய்ப் பம்பு முன் சுழன்ற அதே கதியில்தான் சுழன்றுகொண்டிருக்கிறது. இருந்தும், ஒரு லீவர் நகர்ந்தது ஒன்றே காரணமாக, உள்ளே கிளச்சுகளையும் பேண்டுகளையும் இறுக்கிப் பிடிக்கிற சக்தி ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வாங்கிக்கொண்டவர், கிக்டவுன் லிங்கேஜ் என்று நாம் சாதாரணமாகச் சொல்லுகிற அந்த வளைந்த கம்பியைப் பிறகு ஒருநாளும் அலட்சியமாகப் பார்க்க மாட்டார்.

அந்தக் கம்பி எதற்காக இருக்கிறது என்று கேட்டால், ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதிக்கும்போது கியர் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கி வண்டி பாய வேண்டும் அல்லவா, அதற்காக என்றே பெரும்பாலோர் விடை சொல்லுவார்கள். அந்த விடை பொய்யன்று; ஆனால் அது கம்பியின் கடைசி வேலை. அதன் பிரதான வேலை, பெடலை முதன்முதலாக மிதித்த கணத்திலேயே ஆரம்பமாகிவிடுகிறது. கார்புரேட்டரின் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்ற செய்தியை, அந்தக் கம்பிதான் கியர் பெட்டிக்குள் இருக்கும் த்ராட்டில் வால்வுக்குக் கொண்டுபோகிறது. த்ராட்டில் வால்வு அந்தச் செய்தியை எண்ணெய் அழுத்தமாக மாற்றுகிறது; அந்த அழுத்தம் ஒருபுறம் பிரதான அழுத்தத்தை உயர்த்திக் கிளச்சுகளை இறுகப் பிடிக்கச் செய்கிறது, மற்றொருபுறம் கியர் மாற்றும் வால்வுகளின் ஒரு முனையில் போய் நிற்கிறது. அவ்வால்வுகளின் மறுமுனையில், பின் சக்கரங்களை நோக்கிச் செல்லும் ஷாஃப்டோடு கூடவே சுழலுகிற கவர்னர் அனுப்பும் அழுத்தம், வண்டியின் வேகத்துக்குத் தக்கபடி ஏறிக்கொண்டே வருகிறது. வேகம் மேலே தள்ளுகிறது, த்ராட்டில் தடுத்து நிறுத்துகிறது. இவ்விரண்டும் சமமாகி, கவர்னரின் கை ஓங்குகிற கணத்தில்தான் கியர் மாறுகிறது. மெதுவாக மிதித்தால் சீக்கிரமாகவும் மெத்தெனவும், பலமாக மிதித்தால் தாமதித்தும் உறுதியாகவும் மாறுகிற அந்த அழகெல்லாம் இந்தப் போட்டியின் விளைவே. லீவர் தன் பயணத்தின் இறுதிக்கு வந்த பிறகுதான் கிக்டவுன் வால்வு தள்ளப்பட்டு, கியர் பலவந்தமாகக் கீழே இறங்குகிறது.

அக்காலத்து மற்ற இரண்டு பெரிய கம்பெனிகள் இதே பிரச்னைக்கு வேறு வழி கண்டன. ஃபோர்டின் சி-4, சி-6 கியர் பெட்டிகளும், ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ ஹைட்ராமாடிக் 350, 400 ஆகியவையும், இன்ஜினின் இன்டேக் மேனிஃபோல்டில் உண்டாகிற வாக்குவத்தை ஒரு மெல்லிய குழாய் வழியாகக் கொண்டுபோய், அதன் ஏற்றத் தாழ்வைக்கொண்டே இன்ஜின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்று தெரிந்துகொள்கின்றன. அவற்றில் கிக்டவுனுக்கு மட்டும் தனி ஏற்பாடு: ஃபோர்டில் ஒரு கம்பி, ஜி.எம். 350-இல் ஒரு கேபிள், 400-இல் ஒரு மின்சார ஸ்விட்ச். அந்தக் கம்பியோ கேபிளோ அறுந்து போனால் நஷ்டம் கிக்டவுன் ஒன்றுதான். ஓடுகிற வண்டிக்கு ஆபத்தில்லை. கிரைஸ்லரின் டார்க்ஃப்ளைட்டிலோ வாக்குவக் குழாய் என்பதே கிடையாது. சகலமும் அந்த ஒரு கம்பியை நம்பியிருக்கிறது. ஃபோர்டு வண்டிகளில் கைதேர்ந்த மெக்கானிக், அங்கே பெற்ற அனுபவத்தை அப்படியே இங்கே பிரயோகம் செய்யும்போதுதான் விபரீதம் நேருகிறது.

ஏனென்றால், கம்பியைக் கழற்றி எறிவதற்கான காரணங்கள் இவ்வண்டிகளில் ஏராளம். பெரிய குழாய்களாலான ஹெட்டர் எக்ஸாஸ்ட் போட்டால், இடப்பக்கக் குழாய்கள் கம்பியின் வழியில் வந்து நிற்கும். பழைய கார்ட்டர் கார்புரேட்டரை எடுத்துவிட்டு ஹோலி வைத்தால், கம்பியைக் கோப்பதற்கு உரிய இடத்தில் பின் இராது. மேனிஃபோல்டை மாற்றினால் கார்புரேட்டர் உயர்ந்துபோய்க் கம்பி எட்டாது. "கிக்டவுன் தானே, வேண்டாம்" என்று சொல்லிக் கம்பியை ஷெட்டின் மூலையில் சாத்திவிட்டு வண்டியை வெளியே எடுக்கிறார்கள். வண்டியும் ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது போலத் தோன்றுகிறது. கியர்கள் சீக்கிரமாக, ஒரு குலுக்கலும் இல்லாமல், வழுக்கிக்கொண்டு மாறுகின்றன. முன்னைவிட மிருதுவாகிவிட்டது என்று சொந்தக்காரர் சந்தோஷப்படுகிறார். அந்த மிருதுத்தன்மைதான் நாசத்தின் அடையாளம் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல அருகில் ஒருவரும் இல்லை. இன்ஜின் முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கையில், கிளச்சுகளைப் பிடிக்கிற அழுத்தமோ ஐடிலில் இருக்க வேண்டிய அளவிலேயே நின்றுபோகிறது. நிறைகுடத்தை இழுக்கிறவன் கயிற்றை இறுகப் பற்றாமல் தளர விட்டால் உள்ளங்கை எரிந்துபோவதைப்போல, கிளச்சுத் தகடுகள் பற்றியும் பற்றாமலும் தேய்ந்து கருகுகின்றன. எண்ணெயில் தீய்ந்த வாடை வந்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்த துணியில் கறுப்பு படிகிறபோது, விஷயம் கைமீறிப் போயிருக்கும்.

எப்பேர்ப்பட்ட பெட்டிக்கு இந்தக் கதி நேருகிறது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1956-ஆம் வருஷத்து மாதிரியோடு வெளிவந்த டார்க்ஃப்ளைட்தான், ஹோவர்ட் சிம்ப்ஸன் என்ற நிபுணர் கண்டுபிடித்த கியர் அமைப்பை முதன்முதலாகப் பயன்படுத்தியது. ஃபோர்டு கம்பெனியில் டிராக்டர் வேலையில் இருந்து, பிறகு வெளியே வந்து, கோள்களைப்போல ஒன்றையொன்று சுற்றும் பற்சக்கரங்களின் சேர்க்கைகளை ஆராய்வதையே வாழ்நாள் காரியமாகக் கொண்டவர் அவர். இரண்டு கோள்சக்கரத் தொகுதிகளுக்கு நடுவே ஒரே சூரியச் சக்கரத்தைப் பொதுவாக வைத்து, முதல் கியரில் 2.45, இரண்டாவதில் 1.45, மூன்றாவதில் நேர் விகிதம் என்று மூன்றையும் அதனாலேயே பெறலாம் என்று காட்டினார். ஃபோர்டின் சி-4-ம் ஜி.எம்.மின் 350-ம் பின்னால் இதே அமைப்பைத்தான் தழுவிக்கொண்டன. போட்டி போட்ட மூன்று கம்பெனிகளின் கியர் பெட்டிகளுக்குள்ளும் ஒரே மனிதருடைய யோசனை சுழன்றுகொண்டிருந்தது என்பதை எண்ணும்போது, அவருடைய பெயரைக் கார்ப் பிரியர்களில்கூட அநேகர் கேள்விப்படாதிருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. 1962-இல் அலுமினிய உடலோடு வந்த 727 என்ற பெட்டி, இந்த வம்சத்தின் மகுடம். ஆட்டோமாடிக் என்றால் பந்தயத்துக்கு ஆகாது என்றிருந்த அபிப்பிராயத்தை டிராக் பந்தயத் திடல்களில் உடைத்தவர்களில் முக்கியமானவர்கள், கிரைஸ்லர் என்ஜினீயர்களே கூடி அமைத்த 'ராம்சார்ஜர்ஸ்' குழுவினர். அவர்கள் தங்கள் ஆட்டோமாடிக் வண்டிக்குக் 'கேண்டிமாடிக்' என்றே பெயர் எழுதி ஓட்டினார்கள்.

இனிக் கம்பிக்கு வருவோம். பெட்டியின் இடப்பக்கத்தில் பார்த்தால், ஒரே அச்சில் இரண்டு லீவர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். வெளியே தெரியும் குழாய் போன்ற ஷாஃப்ட் செலக்டருக்கு உரியது. அதன் துவாரத்துக்குள்ளேயே புகுந்து வருகிற மெல்லிய ஷாஃப்ட் த்ராட்டிலுக்கு உரியது. இரண்டு ஆணைகள் ஒரே வாசல் வழியாக, ஒன்றையொன்று தொடாமல் உள்ளே போகின்றன. த்ராட்டில் லீவரிலிருந்து ஒரு கம்பி மேலேறி, இன்ஜினின் பின்புறத்தில் இருக்கும் பெல்கிராங்க்கில் சேர்கிறது. பெல்கிராங்க்கிலிருந்து இன்னொரு கம்பி கார்புரேட்டருக்குச் செல்கிறது. பெல்கிராங்க் காரின் உடலில் பொருத்தப்படாமல், இன்ஜினும் பெட்டியும் சேர்ந்த தொகுதியிலேயே பொருத்தப்பட்டிருப்பது சூட்சுமமான ஏற்பாடு. இன்ஜின் தன் மவுண்டுகளின்மேல் எவ்வளவு குலுங்கினாலும் லிங்கேஜ் முழுவதும் அதோடு சேர்ந்தே குலுங்குகிறபடியால், அளவு மாறுவதில்லை. 383 இன்ஜினுக்கு உரிய கம்பியை 440-க்குப் போட முயலுகிறவர்கள், 440-இன் பிளாக் அதைவிட முக்கால் அங்குலம் உயரமானது என்பதை ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

பொருத்தும் முறையும் மானுவலில் தெளிவாகவே இருக்கிறது. முதலில் சோக்கை முழுதும் திறந்து நிறுத்தி, ஃபாஸ்ட் ஐடில் கேமிலிருந்து கார்புரேட்டரை விடுவித்து, உண்மையான ஐடில் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இதைச் செய்யாமல் மேற்கொண்டு செய்கிற அளவெல்லாம் வீண். பிறகு பெட்டியின் த்ராட்டில் லீவரை முன்பக்கத் தடுப்பில் முட்டும்படி தள்ளி, அங்கேயே கம்பியால் கட்டிவிட வேண்டும். பெல்கிராங்க்கில் இதற்கென்றே விட்டிருக்கும் துவாரங்களில் 3/16 அங்குலக் கம்பித் துண்டைச் செருகி, அதை அசையாமல் நிறுத்தி, கீழ்க் கம்பியின் மரையைத் திருகி, அதன் கிண்ணம் பந்தின்மேல் லேசான அழுத்தத்தில் உட்காரும்படி செய்ய வேண்டும். செருகிய துண்டை எடுத்துவிட்டு, மேல் கம்பியைக் கவனிக்க வேண்டும். அதன் முனையில் நீண்ட துளையொன்று இருக்கும். கார்புரேட்டரின் பின், அந்தத் துளையின் பின்பக்க விளிம்பை இடைவெளி இல்லாமல் தொட்டுக்கொண்டிருக்கும்படி நீளத்தைச் சரி செய்து, வாஷரையும் காட்டர் பின்னையும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கையும் மாட்ட வேண்டும். கட்டிய லீவரை அவிழ்த்துவிட்டு, கம்பியைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி மெல்ல விட்டால், அது தானாகவே முழுதும் முன்னே திரும்பி வர வேண்டும். பாதியில் நின்றால், எங்கோ உராய்கிறது என்று அர்த்தம்.

மாற்றுக் கார்புரேட்டர் வைக்கிறவர்களுக்கு இவ்வளவு போதாது. கம்பி கோக்கும் பின், த்ராட்டில் ஷாஃப்டுக்கு அதிகம் நெருங்கியிருந்தால், ஐடிலில் எல்லாம் சரியாகவே தோன்றினாலும், முழுதும் மிதிக்கும்போது பெட்டியின் லீவர் தன் பயணத்தைப் பூர்த்தி செய்யாது. அழுத்தம் மிகவும் அவசியப்படுகிற நேரத்தில் குறைந்து நிற்கும். ஆகையால் ஒருவர் உள்ளே அமர்ந்து பெடலை முழுதும் மிதித்திருக்க, மற்றொருவர் கீழே படுத்து, லீவர் பின் எல்லையை எட்டுகிறதா என்று பார்ப்பது கட்டாயம். கார்புரேட்டருக்கு உரிய அடாப்டர் லீவரைப் போட்டால் இந்தக் குறை தீரும். கம்பிக்கு இடமே இல்லாதவர்கள் கேபிள் போட்டுக்கொள்ளலாம். சோதனை இரண்டுக்கும் ஒன்றுதான். தவறினால் கம்பி சற்று நீளமாகத் தவறுவதே மேல்: கியர்கள் தாமதமாகவும் கடுமையாகவும் மாறும், பெட்டி பிழைக்கும்.

சிக்ஸ் பேக்கில் நடுக் கார்புரேட்டர் மட்டுமே பெடலோடு நேராகச் சேர்ந்தது, ஓரத்து இரண்டும் வாக்குவத்தால் திறப்பவை. அங்கே கம்பி எதைப் பின்பற்ற வேண்டும் என்பது அடுத்த வாரம். அதற்குள் உங்களிடம் ஒரு வேண்டுகோள்: டார்க்ஃப்ளைட் பூட்டிய வண்டி எதையாவது விலைக்குப் பார்க்கப் போனால், பெயின்டைப் பார்ப்பதற்கு முன் பானெட்டைத் திறந்து, அந்தக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அது பொருத்தப்படும் வரையில் அந்த வண்டியை ஒரு பர்லாங்குகூட ஓட்டிப் பார்க்காதீர்கள்.

(தொடரும்)