பெரியம்மாவின் கூடையும் ஜப்பான் பையும்

அக்கினி நட்சத்திரம் கொளுத்தும் மே மாதத்து மத்தியானத்தில் ஒருத்தி வீட்டை விட்டுக் கிளம்பித் திருவொற்றியூருக்குப் போகிறாள் என்றால், அவளுடைய புத்தியைப் பற்றி நேயர்களுக்குச் சந்தேகம் வருவது நியாயமே. ஆனால் குற்றம் என்னுடையதல்ல. எங்கள் ஆசிரியரின் மேஜைக்கு ஜப்பானியக் கைவேலைப் புத்தகம் ஒன்று வந்து சேர்ந்திருந்தது. புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் பைகள். குரோஷா ஊசியால் பின்னிய பைகள். மூங்கிலில் முடைந்த பைகள். துணியில் தைத்த பைகள். அவற்றைக் கையில் மாட்டிக்கொண்டு ஆற்றங்கரையிலும் கோயில் திருவிழாவிலும் உலாவும் பெண்கள்.

“கோடை விடுமுறைக்கு ஏற்ற மாதிரி இதைப் பற்றி ஏதாவது எழுதுங்களேன்” என்று ஆசிரியர் புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

எனக்கோ குரோஷா ஊசியில் எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் வால் என்பதே தெரியாது. ஆனால் பை என்றால் என்ன என்று தெரிந்த ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார். அவர் என் பெரியம்மா.

2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் தேதி முதல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை ஓடுகிறது. ஆகையால் பெரியம்மா வீட்டுக்குப் போவது இப்போது வெகு சுலபம். வழியில் காலடிப்பேட்டை வந்தது. 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் அது. ‘காலெட் பேட்டை’தான் நம் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. கைவேலையைப் பற்றி எழுதப் போகிறவளுக்கு நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டு, தேரடி நிலையத்தில் இறங்கினேன்.

பெரியம்மா கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் பாதி முடிந்த ஒயர் கூடை. பக்கத்தில், ஏழாம் வகுப்பு முடித்து விடுமுறைக்கு வந்திருக்கும் பேத்தி. அவள் மடியிலும் ஒரு குட்டிக் கூடை. அது கொஞ்சம் கோணலாக வளர்ந்துகொண்டிருந்தது.

ஜப்பான் புத்தகத்தைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். ஒரு படத்தில் பையின் அடிப்பக்கம் தெரியவில்லை. புத்தகத்தையே தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள்!

“அழகாத்தான் இருக்கு. ஆனா இதுல மூணு கிலோ அரிசி போட்டா முழங்கால் வரைக்கும் இழுத்துக்கும்” என்று தீர்ப்புச் சொன்னாள்.

ஆற்றங்கரையில் வாண வேடிக்கை

ஜப்பானியப் பெண்மணி அந்தப் பையில் அரிசி போடப் போவதில்லை என்பதை நான் விளக்க வேண்டியதாயிற்று.

ஜப்பானில் ஜூன் மாதம் மழைக்காலம். ஜூலையில் அது ஓய்ந்ததும் வெயில் வந்துவிடும். நம் ஊரைப் போலவே புழுக்கமும் உண்டு. வெயில் வந்ததும் அங்கே திருவிழாக்களும் வந்துவிடுகின்றன. கியோட்டோ நகரில் ஜூலை மாதம் முழுவதும் கியோன் திருவிழா. ஆகஸ்டு நடுவில் முன்னோர்களை நினைத்து வழிபடும் ஓபோன். தோக்கியோவில் சுமிதா ஆற்றங்கரையில் ஜூலை மாதக் கடைசிச் சனிக்கிழமை வாண வேடிக்கை. இது 1733-ல் தொடங்கிய வழக்கம் என்று சொல்வார்கள். கொரோனாக் காலத்தில் நின்று போய், 2023-ல் மறுபடி நடந்தபோது கரையோரம் ஜனசமுத்திரமாக இருந்தது.

இந்த விழாக்களுக்குப் பெண்கள் ‘யுகாதா’ என்ற மெல்லிய பருத்தி அங்கியை அணிந்து போகிறார்கள். அதற்குப் பொருத்தமாகக் கையில் ஒரு சின்னப் பை. அடியில் மூங்கில் கூடை, மேலே துணி, வாயில் இழுத்துக் கட்டும் கயிறு. துணி மட்டும் உள்ளதைக் ‘கின்சாகு’ என்கிறார்கள்.

“அட, நம்ம ஆயா இடுப்புல செருகியிருந்த சுருக்குப் பை!” என்றாள் பெரியம்மா. வாஸ்தவம்தான். வெற்றிலை பாக்குக்குப் பதில் அதில் கைக்குட்டையும் சில்லறையும் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டிலேயே பை பின்னுகிறவர்களும் அங்கே ஏராளம். கோடைக்கென்றே மரக்கூழிலிருந்து செய்த இழை ஒன்று விற்கிறது. பார்வைக்குக் காய்ந்த புல் மாதிரி இருக்கும். அதை வாங்கிக் குரோஷா ஊசியால் தொப்பியும் பையும் பின்னுகிறார்கள்.

“அவங்களுக்கு யார் கூலி குடுக்கறாங்க?” என்று பேத்தி கேட்டாள்.

“கூலி இல்லையம்மா, பொழுதுபோக்கு” என்றேன்.

பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். “நான் பின்னறதையும் எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க” என்றாள்.

முடிச்சுக்கு முடிச்சு கணக்கு

ஒயர் கூடையைப் பார்க்காத தமிழ் வீடு இருக்க முடியாது. ஆனால் அது எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தவர்கள் குறைவு. நான் அன்று பார்த்தேன்.

பிளாஸ்டிக் ஒயர் ரோல் ரோலாகக் கடையில் கிடைக்கிறது. கூடையின் அளவைச் சொல்வதே ரோல் கணக்கில்தான்: ஒரு ரோல் கூடை, ஒன்றரை ரோல் கூடை, இரண்டு ரோல் கூடை. முதலில் ஒயரை ஒரே நீளத் துண்டுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். துண்டுகளை மடித்து, ஒன்றோடொன்று கோத்து முடிச்சுப் போட்டு, அடிப்பாகத்தை முடிக்க வேண்டும். இங்கே ஒரு முடிச்சு எண்ணிக்கை தவறினாலும் கூடை சாய்ந்து நிற்கும். (பேத்தியின் கூடைக்கு வந்த வியாதி அதுவே!) அடி முடிந்ததும் ‘ரன்னிங் ஒயர்’ என்று ஒன்றைச் சேர்த்துச் சுற்றிச் சுற்றிச் சுவரை எழுப்புகிறார்கள். வேண்டிய உயரம் வந்ததும் மிச்ச நுனிகளை உட்பக்கம் முடிச்சுகளுக்குள் செருகி மறைத்து, கடைசியில் கைப்பிடி. கூடையின் உயிர் கைப்பிடியில்தான் இருக்கிறது என்பது பெரியம்மாவின் சித்தாந்தம்.

முடிச்சிலும் பல ஜாதி உண்டு. சாதா முடிச்சு, பார்த்தால் கண் விழித்தது போலிருக்கும் சிவன் கண், உருண்டு திரண்ட நெல்லிக்காய், தட்டையான பிஸ்கட். எவரும் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. அக்காவிடம் தங்கையும், பக்கத்து வீட்டு மாமியிடம் புதுப் பெண்ணும் கற்றது.

பெரியம்மா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது, தெருவில் பாதிப் பேர் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள். பெரியப்பாவும் அப்படியே. அவருடைய டிபன் கேரியர் போனது பெரியம்மா பின்னிய கூடையில். ஷிப்டுக்குச் சங்கு ஊதியதும் தெருப் பெண்கள் திண்ணையில் கூடிவிடுவார்களாம். பேச்சு ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். அடுத்த சங்குக்குள் எத்தனை சுற்று ஏறியது என்பதில் போட்டியும் உண்டு.

வலைக்கு ஓய்வு இல்லை

காசிமேட்டுப் பக்கம் கோடைக்கு வேறொரு அர்த்தம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் அரசாங்கம் விதித்த தடை. நாட்டுப் படகுகள் போகலாம். மற்றவை துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும்.

படகு கிடக்கிறதென்று கை கிடப்பதில்லை. அந்த நாட்களில் ராயபுரம், காசிமேடு பக்கம் போனால் மலை மலையாக வலை குவித்து, நிழலில் உட்கார்ந்து ஆண்கள் பின்னிக்கொண்டிருப்பதைக் காணலாம். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, நைலான் நூல் சுற்றிய ஊசியை விட்டு வாங்குகிற வேகம் கண்ணுக்குப் பிடிபடாது. யோசித்துப் பார்த்தால் வலையும் ஒரு பைதானே? கடலுக்கு எடுத்துப் போகிற பை!

ஆனால் அந்த வேலையைப் பொழுதுபோக்கு என்று யாரும் சொல்வதில்லை. அதைத் தொழில் என்கிறோம். அதே கோடையில், அதே தெருவில், அதே மாதிரி முடிச்சைப் பெண் போட்டால் மட்டும் “சும்மா இருக்கிற நேரத்தில் ஏதோ பின்னுகிறாள்” என்று ஆகிவிடுகிறது. பெரியம்மாவின் பார்வைக்கு அர்த்தம் எனக்கு மெல்லப் புரிந்தது.

கணக்கைக் கேட்டேன். இரண்டு ரோல் கூடை ஒன்றுக்கு அவளுக்கு நாலு மத்தியானம் ஆகிறது. விற்ற பணத்தில் ஒயரின் விலை போக நிற்பது, ஒரு சித்தாளுக்கு அரை நாளில் கிடைக்கும் கூலிகூட இல்லை. அதிலும் வாங்க வருகிறவர்கள் பத்து ரூபாய் குறைக்காமல் போவதில்லை.

தூக்கி எறியாத பை

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒரு முறை உபயோகித்துவிட்டு எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பர் 23-ல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. ஜப்பானிலும் 2020 ஜூலை 1 முதல் கடைகளில் பிளாஸ்டிக் பைக்குக் காசு கொடுத்தே ஆகவேண்டும். அதற்கு முன்பே, 2006-ல், அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சர் யுரிகோ கொய்கே, பொருளை முடிந்து எடுத்துப் போகும் ‘ஃபுரோஷிகி’ என்ற சதுரத் துணியை மறுபடி பழக்கத்துக்குக் கொண்டுவரப் பிரசாரம் செய்தார். அந்தத் துணிக்கு அவர் வைத்த பெயரில் ‘மொத்தாய்னாய்’ என்ற சொல் இருந்தது. “ஐயோ, வீணாகிறதே!” என்று நம் பாட்டிமார் பதறுவார்களே, அந்தப் பதற்றம்தான் அதன் பொருள். நோபல் பரிசு பெற்ற கென்யா நாட்டு வாங்காரி மாத்தாய் 2005-ல் ஜப்பான் சென்றபோது இந்த ஒரு சொல்லில் மயங்கி, அதை உலகெங்கும் கொண்டு சென்றார்.

பெரியம்மாவின் கூடையும் பிளாஸ்டிக்தானே என்று சிலர் கேட்கலாம். பிளாஸ்டிக்தான், மறுக்கவில்லை. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் இன்றும் முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் பின்னுகிறார்களே, அந்தக் கூடைக்கு இது ஈடாகாது. ஆனால் பெரியப்பாவின் டிபன் கேரியரைச் சுமந்த கூடை இன்னும் பரணில் இருக்கிறது. பெரியப்பா காலமாகிவிட்டார், கூடை கைப்பிடி மட்டும் இரண்டு தடவை மாற்றிக்கொண்டு திடமாக இருக்கிறது. நாலு மத்தியானம் உட்கார்ந்து செய்த பொருளை யாருக்கு எறிய மனம் வரும்?

கோயிலும் கடற்கரையும்

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். புளியோதரை, தயிர் சாதம், ஒரு பாட்டில் நீர்மோர், எல்லாம் அன்று முடிந்த புதுக் கூடைக்குள் அடங்கின. தியாகராஜரையும் வடிவுடையம்மனையும் தரிசித்தோம். இந்த ஸ்தலத்தில்தான் சங்கிலி நாச்சியார் சுவாமிக்கு மாலை தொடுத்துவந்தாள். அவளைக் கண்டுதான் சுந்தரர் மனத்தைப் பறிகொடுத்தார் என்று பெரிய புராணம் சொல்கிறது. “பூத்தொடுக்கிற கைதானே அவரை இழுத்துச்சு!” என்பது பெரியம்மாவின் வியாக்கியானம்.

பிறகு கடலோரம் பட்டினத்தார் சமாதிக்குப் போனோம். எல்லாவற்றையும் துறந்தவரிடம் கூடை நிறையச் சாப்பாட்டோடு போவது கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது! இந்தப் பக்கம் மெரினாவைப் போல மணற்பரப்பு கிடையாது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் எழும்பியபின், தெற்கிலிருந்து வரும் மணலை அதன் சுவர் தடுத்தது. மெரினா அகன்றது, வடக்கே கடல் கரையை அரித்தது. ஆகவே இங்கே அலைக்குக் குறுக்கே கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். வடசென்னைக்காரர்களின் கடற்கரை உல்லாசம் கல்லின்மேல்தான். அதனால் என்ன? காற்று ஒரே காற்றுதான்.

சாப்பிட்டு முடித்தோம். பக்கத்தில் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் காலிக் கூடையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கே, என்ன விலை?” என்று கேட்டாள்.

பெரியம்மா வழக்கமான விலையைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பேத்தி முந்திக்கொண்டு, அதைப் போல் இரண்டு மடங்கு சொல்லிவிட்டாள். பெரியம்மா அவள் தொடையில் கிள்ளினாள்.

“அவ்வளவா?” என்றாள் அந்த அம்மாள்.

“நாலு மத்தியானம் ஆச்சு ஆன்ட்டி. நான் எண்ணினேன்” என்றது பெண்.

அந்த அம்மாள் கூடையைத் திருப்பினாள். அடிப்பக்கத்து முடிச்சுகளை விரலால் தடவினாள். கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். “இதே மாதிரி எனக்கு நீலத்துல ஒண்ணு வேணும். அடுத்த வெள்ளிக்கிழமை கோயில்ல வந்து வாங்கிக்கறேன்” என்று பாதிப் பணத்தை முன்பணமாக எடுத்து நீட்டினாள்.

திரும்பி வரும்போது பெரியம்மா வெகுநேரம் பேசவே இல்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும் என்னிடம், “அந்த ஜப்பான் புத்தகத்தை இங்கேயே வச்சிட்டுப் போ. நீல ஒயர் வாங்கணும், அதுல ஒரு கைப்பிடி பார்த்தேன்” என்றாள்.

புத்தகம் இப்போது திருவொற்றியூரில் இருக்கிறது. ஆசிரியர் இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்வார்.