கழனி ஓரத்தில் கூடாரம்

வேளாண்மை என்னும் சொல்லுக்கு உழவு என்பது ஒரு பொருள்; விருந்தோம்பல் என்பது மற்றொரு பொருள். நிலத்தைப் பேணுவதும் வந்தாரைப் பேணுவதும் ஒரே குடியின் கடமைகள் எனக் கொண்ட நம் முன்னோர், இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினர். ஊர்தோறும் சாவடியும், பெருவழிதோறும் சத்திரமும், கோடையில் தண்ணீர்ப் பந்தலும் இந்த எண்ணத்தில் எழுந்தவையே. அப்பழைய வழக்கம் இன்று புதிய உருவில் நம்மை நாடி வருகிறது. பட்டணத்தில் வாழும் குடும்பங்கள், ஓரிரவேனும் வயல்வெளியில் தங்கிவரப் பணம் கொடுக்கவும் ஆயத்தமாய் இருக்கின்றன. இதனை உழவர்கள் துணை வருவாயாகக் கொள்ளலாமா? கொள்வதாயின் எவ்வெவற்றில் கருத்தாய் இருத்தல் வேண்டும்? பஞ்சாயத்தின் பங்கு யாது? திண்டிவனத்தை அடுத்த ஒலக்கூர் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை ஆராய்வோம்.

எளிய முகாம் என்பது யாது?

நாம் இங்கே கூறுவது மாளிகை போன்ற விடுதியை அன்று. களத்துமேட்டை ஒட்டிய மேட்டு நிலம், மாமர நிழல், ஐந்தாறு கூடாரங்கள், நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்று, தூய கழிப்பிடங்கள் இரண்டு, இரவுக்கு விளக்கு: இவ்வளவே எளிய பண்ணை முகாம். வருகிறவர் மெத்தையையும் குளிர்சாதனத்தையும் தேடி வருவதில்லை. ஏர் உழுவதையும், பால் கறப்பதையும், மணிலாக்கொட்டை பறிப்பதையும் தம் பிள்ளைகளுக்குக் காட்டவே வருகின்றனர்.

பிற நாடுகளில் இம்முறை வேரூன்றி நெடுநாளாயிற்று. இங்கிலாந்தில் 1960ஆம் ஆண்டுச் சட்டம், அங்கீகாரம் பெற்ற சங்கங்கள் சிறு பண்ணைகளுக்குச் சான்று அளிக்க வழி செய்தது. அத்தகைய பண்ணையில் சங்க உறுப்பினரின் வீட்டு வண்டிகள் ஐந்துக்கு மேல் ஒரே சமயத்தில் நிற்கலாகாது. குழாயும் கழிவு கொட்டும் இடமும் தவிர வேறு வசதி இல்லாத பண்ணைகளும் இவ்வகையில் நற்பெயருடன் நடந்து வருகின்றன. 2023ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு, ஆண்டில் 60 நாட்கள் வரை 50 கூடாரங்களுக்கு மேற்படாமல் தற்காலிக முகாம் நடத்தவும் இடமளித்தது. அங்கும் கழிப்பிடமும் கழிவு அகற்றும் ஏற்பாடும் கட்டாயமாகும்.

இத்தாலி நாடு 1985ஆம் ஆண்டில் பண்ணை விருந்தோம்பலுக்கெனவே தனிச் சட்டம் இயற்றியது. 2006ஆம் ஆண்டில் அதனைத் திருத்தி அமைத்தது. அச்சட்டத்தின் உயிர்நாடி, பண்ணையில் உழவே முதன்மையாக இருத்தல் வேண்டும் என்பதாகும். உழவை விட்டுவிட்டு விடுதி மட்டும் நடத்துபவர் அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ள முடியாது. நம் நாட்டில் மகாராஷ்டிர மாநிலம் இத்துறையில் முன்நின்றது. பாராமதி வட்டாரத்தில் திரு. பாண்டுரங் தாவரே அவர்கள் 2005ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய முயற்சி பல உழவர்களுக்கு வழிகாட்டியது. 2020ஆம் ஆண்டில் அம்மாநில அரசு வேளாண் சுற்றுலாவுக்கெனக் கொள்கையே வகுத்தது.

ஒலக்கூரின் வாய்ப்பு

ஒலக்கூர், சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையை ஒட்டி, திண்டிவனத்துக்கு வடக்கே அமைந்த ஊர். இருப்புப்பாதையும் ரயில் நிலையமும் உண்டு. நெல், கரும்பு, மணிலா, தர்ப்பூசணி முதலியன இவ்வட்டாரத்தில் விளைகின்றன. மணிலா வகைகள் பலவற்றின் பெயரில் வரும் டி.எம்.வி. என்னும் எழுத்துகள் திண்டிவனத்தையே குறிப்பன. அவ்வகைகளைத் தந்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அந்நகரில் இருப்பதை உழவர் அறிவர். பட்டணத்துப் பிள்ளைகள் அறியமாட்டார்கள். இத்தகைய செய்திகளை எடுத்துரைப்பதே நல்ல விருந்து.

ஒருநாள் பயண எல்லைக்குள் காணத்தக்க இடங்களும் பல. 2025ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பெற்ற செஞ்சிக் கோட்டை, கல்லாய் மாறிய மரங்கள் கிடக்கும் திருவக்கரை, மரக்காணத்து உப்பளங்கள், மதுராந்தகம் வட்டத்து வேடந்தாங்கல் ஏரி ஆகியவை குறிப்பிடத்தக்கன.

வேடந்தாங்கல் நமக்கு ஒரு பாடமும் ஆகும். அவ்வூர் மக்கள் ஏரியில் தங்கும் பறவைகளை வேட்டையாட விடாமல் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் கண்டறிந்திருந்தனர். வந்து தங்குவோர் நிலத்தை வளப்படுத்திச் செல்ல வேண்டும், பாழ்படுத்திச் செல்லலாகாது. நம் முகாமுக்கும் இதுவே அளவுகோல்.

தண்ணீரும் கழிவும்

முகாம் நடத்த எண்ணுபவர் முதலில் கூடாரம் வாங்க விரைகின்றனர். முதலில் செய்ய வேண்டியது அதுவன்று. தண்ணீருக்கும் கழிப்பிடத்துக்கும் ஏற்பாடு செய்தலே முதல் வேலை.

ஐந்து கூடாரங்களில் பத்துப் பேர் தங்குவதாகக் கொள்வோம். ஊரகக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் எனக் கணக்கிடுகின்றனர். அவ்வளவின்படி 550 லிட்டர் தேவை. 1,000 லிட்டர் தொட்டி ஒன்று தாராளமாகப் போதும். குடிநீரைத் தனியே காய்ச்சி மூடி வைத்தல் வேண்டும். நீர் தளதளவெனக் கொதித்த பின்னும் ஒரு நிமிடமேனும் கொதிக்க விடுக. இறவைக் கிணற்று நீரைப் பருகத் தருமுன் பரிசோதித்துக்கொள்வது நன்று.

கழிப்பிடக் குழி, கிணற்றிலிருந்து 100 அடிக்குக் குறையாத தொலைவில், கிணற்றினும் தாழ்ந்த பக்கமாக அமைதல் வேண்டும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலேறுகிறதோ, அதற்கும் ஐந்தடி மேலே குழியின் அடி நிற்க வேண்டும். இதனை மீறுவோர், விருந்தினர் கழிவைத் தம் குடும்பத்தின் குடத்திலேயே ஊற்றிக்கொள்கின்றனர். அடுத்த வீட்டுக் கிணறும் அதே நிலத்தடி நீரையே உண்பதால், தீங்கு ஒருவரோடு நில்லாது. வாந்திபேதி ஊரெங்கும் பரவலாம்.

இரட்டைக் குழி முறையே சிக்கனமானது. ஒரு குழி நிறைந்ததும் மற்றதற்குத் திருப்பிவிட்டு, நிறைந்ததை ஓராண்டுக்கு மேல் மூடி வைத்தால், அது நாற்றமற்ற உரமாக மாறும். ஆடவருக்கும் பெண்டிருக்கும் தனித்தனிக் கழிப்பிடமும், உட்புறத் தாழ்ப்பாளும், இரவு விளக்கும் அவசியம். குளியல் நீரை வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சலாம். குப்பையில் மக்குவது எருக்குழிக்குச் செல்க; பிளாஸ்டிக்கை விருந்தினரே திரும்ப எடுத்துச் செல்லுமாறு விதி செய்க. வயலில் கிடக்கும் ஒரு பையை மாடு தின்றால், நட்டம் உழவருக்கே அன்றோ?

உயிருக்குக் காப்பு

கிராமத்தில் பிறந்தவருக்குப் பழகிப்போன ஆபத்துகள் பட்டணத்தாருக்குத் தெரியா. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு அவற்றுள் முதலாவது. சுவரோ வேலியோ அமைக்காமல் பிள்ளைகளை அழைத்தல் பெரும் பிழை.

அடுத்தது பாம்பு. கட்டுவிரியன் இரவிலே இரை தேடுவது. தரையில் படுத்து உறங்குவோரைக் கடிப்பது அதன் வழக்கம். கடிவாயில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் தோன்றாமையால், கடிபட்டவர் அறியாமலே காலம் கடந்துவிடும். ஆகவே விருந்தினர் யாவரும் கயிற்றுக்கட்டிலில், கொசுவலை கட்டிப் படுத்தல் வேண்டும். தானியமும் விறகும் குவித்த இடத்துக்கு எலி வரும்; எலியைத் தேடிப் பாம்பு வரும். கூடாரம் அவ்விடத்தினின்று விலகியிருக்கட்டும். கடி நேர்ந்தால் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் எதுவும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108 வண்டியை அழைத்து, மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்க. விஷமுறிவு மருந்து ஒன்றே மருந்து. அம்மருந்து செய்வதற்குரிய நஞ்சை, வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்புகளிடமிருந்து எடுத்துத் தருகின்றனர்.

மூன்றாவது தீ. வைக்கோற்போரும் மணிலாக்கொடிப் போரும் இருக்கும் பக்கமாகக் காற்று வீசுகையில் நெருப்பு மூட்டலாகாது. அடுப்பருகே மணலும் நீரும் எப்பொழுதும் வேண்டும். பூச்சிமருந்து தெளிக்கும் நாட்களில் விருந்தினரை ஏற்காதிருத்தலும், மருந்துப் புட்டிகளைப் பூட்டி வைத்தலும் கடமைகளாம்.

பருவம் பார்த்தலும் வேண்டும். மார்கழிப் பிற்பகுதி முதல் மாசி முடிய உள்ள காலமே ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும். 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய மழையில் ஏரி வாய்க்கால் ஓரத்துக் கூடாரம் என்னவாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

வரவு செலவுக் கணக்கு

கடன் வாங்கித் தொடங்க வேண்டிய தொழில் அன்று இது. முதலாண்டில் இரண்டு கூடாரங்களே போதும். ஐந்து கூடாரம் உள்ளவர்க்கும் கணக்கு இவ்வாறே அமையும்: நல்ல பருவத்தில் வாரக் கடைசிகள் சுமார் பன்னிரண்டு. வாரத்துக்கு இரண்டு இரவு வீதம் ஐந்து கூடாரங்களுக்கு மொத்தம் 120 இரவுகள். அவற்றில் பாதி நிரம்பினால் 60. இந்த அறுபதைத் தம் கட்டணத்தால் பெருக்கி, சமையல், துப்புரவு, பழுதுபார்ப்பு ஆகிய செலவுகளைக் கழித்து, எஞ்சுவது எவ்வளவு என்று பார்த்த பின்னரே முடிவு செய்க. பாதி நிரம்பியும் மிச்சம் இல்லையெனில் அம்முயற்சியைக் கைவிடுதலே விவேகம்.

உண்மையான ஆதாயம் பெரும்பாலும் வேறொரு வழியில் வரும். கேழ்வரகுக் கூழும், அவித்த மல்லாட்டையும், முருங்கைக்கீரையும் உண்டு மகிழ்ந்தவர், ஊர் திரும்புகையில் செக்கெண்ணெயும் அரிசியும் வாங்கிச் செல்வர்; மறுபடியும் கேட்டு எழுதுவர். தரகர் இன்றி விளைபொருள் விலைபோகும் வழி இது. சமையற் பொறுப்பை ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவிடம் உரிய கூலியுடன் ஒப்படைத்தால், வருவாய் ஒரு வீட்டோடு நின்றுவிடாது.

உழவுக்கென இலவசமாக வழங்கப்படும் மின்சாரத்தை முகாம் விளக்குக்குத் திருப்புவது குற்றம் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். தனி இணைப்போ சூரிய ஒளி விளக்கோ கொள்க.

பஞ்சாயத்தின் கடமை

தனி உழவர் ஒருவர் நேர்மையாக நடப்பினும், பக்கத்தில் மற்றொருவர் கட்டுப்பாடின்றி ஐம்பது கூடாரம் அடித்தால் ஊரின் நீரும் அமைதியும் பெயரும் கெடும். ஆகவே பொது ஒழுங்கு இன்றியமையாதது. அதனை வகுக்கத்தக்க இடம் கிராம சபையே. நம் மாநிலத்தில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமாதலால், இப்பொருளை எடுத்துக்கொள்ள மிகப் பொருத்தமான நாள்.

கிராம சபை தீர்மானிக்கத்தக்கவை இவை: ஒரு பண்ணையில் கூடாரங்கள் ஐந்துக்கு மேற்படலாகாது. ஏரிப் புறம்போக்கிலும் மேய்ச்சல் நிலத்திலும் முகாம் கூடாது. கழிப்பிடத்தையும் கிணற்றையும் பஞ்சாயத்து அங்கத்தினர் நேரில் பார்த்த பின்னரே தொடங்குதல் வேண்டும். மதுவும் ஒலிபெருக்கியும் விலக்கு. தங்குவோர் பெயரும் ஊரும் பதிவேட்டில் எழுதப்படல் வேண்டும். வெளிநாட்டார் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அதிகாரிகளுக்கு அறிவித்தல் சட்டப்படி கட்டாயம். நிலையான கட்டிடம் எழுப்ப விரும்புவோர் முறையான அனுமதி பெறாமல் ஒரு செங்கல்லும் வைக்கலாகாது.

இவை விருந்தினரை விரட்டும் விதிகள் அல்ல. தூய கழிப்பிடமும், சுவருள்ள கிணறும், காய்ச்சிய நீரும் விருந்தினர் வந்தாலும் வாராவிட்டாலும் உழவர் குடும்பத்துக்கே முதலில் உரியவை. முகாம் நடவாத ஆண்டிலும் அவை வீட்டில் நிற்கும். நம் பிள்ளைகளைக் காக்கும். ஆதலின், இத்தொழிலில் இறங்க எண்ணும் உழவர் பெருமக்கள், கூடாரம் வாங்குமுன் அளவு நாடாவை எடுத்துத் தம் கிணற்றுக்கும் கழிப்பிடத்துக்கும் இடையே உள்ள தொலைவை அளந்து பார்க்கட்டும். நூறு அடி இல்லையெனில், முதல் வேலை அங்கே தொடங்குகிறது.