எண்பத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்த சாசனம்

வங்காள நாட்டிலே, கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில் சேரம்பூர் என்னும் சிறிய நகரம் இருக்கிறது. நதியை நோக்கி உயர்ந்த தூண்களோடு நிற்கும் ஒரு பெரிய மாளிகை அந்நகரின் கண்ணெனத் தோன்றும். அதுவே சேரம்பூர்க் கல்லூரி. மாளிகையைக் காண்போர் அக்கல்லூரி பெருஞ்செல்வத்திலே பிறந்து வளர்ந்ததென்று எண்ணக்கூடும். உண்மை அதற்கு மாறானது. 1818ஆம் ஆண்டில் அது தோன்றிய நாள் தொட்டு ஒரு நூற்றாண்டு காலம், அதன் கணக்கேட்டை எழுதியவர்கள் நிம்மதியாக உறங்கிய ஆண்டுகள் மிகச் சிலவே.

அதனை நிறுவியவர்கள் வில்லியம் கேரி, யோசுவா மாஷ்மன், வில்லியம் வாட் என்னும் மூவர். கேரி செருப்புத் தைத்துப் பிழைத்தவர். மாஷ்மன் பள்ளி உபாத்தியாயர். வாட் அச்சுத் தொழிலாளர். கிழக்கிந்தியக் கம்பனியார் தம் ஆட்சிக்குட்பட்ட நிலத்தில் மிஷனரிமாரை விரும்பாத காலம் அது. ஆகவே 1800ஆம் ஆண்டில் அவர்கள் டென்மார்க்கு மன்னரின் ஆட்சியிலிருந்த சேரம்பூரிலே தஞ்சம் புகுந்தார்கள். தாம் ஈட்டும் பணம் யாவும் பொதுப்பெட்டிக்கே உரியது, வீட்டுச் செலவுக்கு வேண்டிய சிறு தொகையை மட்டுமே எடுத்துக்கொள்வது என்பது அவர்கள் வகுத்த விதி. கல்கத்தாவிலே வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மொழிப் பேராசிரியராயிருந்த கேரியின் சம்பளமும், மாஷ்மன் தம்பதியர் நடத்திய விடுதிப் பாடசாலைகளின் ஊதியமும், வாட்டின் அச்சுக்கூட வருவாயும் அப்பெட்டியிலேயே சேர்ந்தன. 1812ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11ஆந் திகதி அச்சுக்கூடம் தீக்கிரையாயிற்று. காகிதமும், கீழைத்தேய மொழிகளின் அச்செழுத்துக்களும், கேரி பல்லாண்டு உழைத்து எழுதிய கையெழுத்துப் பிரதிகளும் சாம்பலாயின. எழுத்து வார்க்கும் அச்சுக்கள் எஞ்சியிருந்தமையால் உருகிய உலோகத்தைக் கொண்டே புதிய எழுத்துக்களை வார்க்கத் தொடங்கினார்கள். கல்லூரி என்ற எண்ணம் உருவானது இத்தகைய பயிற்சி பெற்ற மனிதரிடத்திலேயே.

கல்லூரியின் முதல் மாணவர் 37 பேர். அவர்களிற் கிறிஸ்தவரும் இருந்தனர், இந்துக்களும் இருந்தனர். சுதேச மக்களுக்கு ஊழியஞ் செய்யும் குருமாரைப் பயிற்றுவதே தலையாய நோக்கமாயினும், சமஸ்கிருதமும், வானசாத்திரமும், இரசாயனமும், தாவரவியலும் அங்கே இடம் பெற்றன. சாதியோ நிறமோ தேசமோ ஒருவரது அனுமதிக்குத் தடையாகாது என்பதும் பின்னர் விதிகளில் எழுதப்பட்டது.

இக்கொள்கையை நிலைநிறுத்துவது எளிதாயிருக்கவில்லை. வாட் நிதி சேகரிக்க இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சென்றார். அமெரிக்காவிலே ஏறக்குறைய 10,000 டாலர் சேர்ந்தது. ஆனால் கொடுத்தோரிற் சிலர் ஒரு நிபந்தனை விதித்தார்கள்: இப்பணத்தை வேதசாத்திரம் கற்பிப்பதற்கே செலவிட வேண்டும், விஞ்ஞானத்துக்குச் செலவிடலாகாது என்றனர். இதைக் கேள்வியுற்ற கேரி மனம் வருந்தினார். விஞ்ஞானக் கல்வியின்றி இளைஞரை எவ்வாறு தேவ ஊழியத்துக்குப் பயிற்றுவது என்று வெளிப்படையாகவே கேட்டார். கல்லூரி நடத்துவோருக்குப் பணமில்லாத கஷ்டம் ஒன்று. பணத்தோடு வரும் கஷ்டம் மற்றொன்று. இரண்டாவதிலே பல நிலையங்கள் தம் உயிரை இழந்துவிடுவதுண்டு. சேரம்பூர் இழக்கவில்லை.

அடுத்து வந்த பத்தாண்டு துயரின் காலம். 1823ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வாட் வாந்திபேதி நோயால் மாண்டார். அவ்வாண்டு அக்டோபரில் கேரி ஓடத்திலிருந்து கரையேறும்போது வழுக்கி வீழ்ந்து, நெடுநாள் ஊன்றுகோலோடு நடக்கலானார். அவர் படுக்கையிலிருந்த வேளையில் வெள்ளம் பெருகி அவர் வாழ்ந்த வீட்டையும் அழித்தது. இங்கிலாந்திலிருந்த சங்கத்தாருக்கும் சேரம்பூராருக்கும் சொத்துக்களை நிருவகிக்கும் உரிமை பற்றி எழுந்த பிணக்கு முற்றி, 1827ஆம் ஆண்டில் இரு பகுதியாரும் பிரிந்தனர்.

அதே 1827ஆம் ஆண்டில்தான் மற்றொரு காரியமும் நிறைவேறியது. மாஷ்மன் முந்திய ஆண்டிலே கொப்பன்ஹேகன் நகருக்குச் சென்று மன்னர் ஆறாம் பிரெடரிக்கைக் கண்டிருந்தார். மன்னர் பெப்ரவரி 23ஆந் திகதி கல்லூரிக்கு ஓர் அரச சாசனம் வழங்கினார். சர்வகலாசாலைகளைப் போலப் பட்டம் அளிக்கும் உரிமை அச்சாசனத்தில் இருந்தது. கல்கத்தாச் சர்வகலாசாலை தோன்றுவதற்கு அது முப்பது ஆண்டு முந்தியது என்பதை நினைத்தால் அதன் அருமை விளங்கும். ஆனால் கல்லூரியார் உடனே பட்டம் வழங்கத் துணியவில்லை. பட்டத்துக்கு ஏற்ற தரம் இன்னும் அமையாதபோது அதை வழங்குவது பொருத்தமன்று. சாசனம் பெட்டிக்குள் இருந்தது.

1830ஆம் ஆண்டில் கல்கத்தாவிலே பாமர் கம்பனி என்னும் பெரிய வணிக நிலையம் முறிந்தது. இவ்வகைக் கம்பனிகளே அக்காலத்தில் வங்கிகளாகவும் விளங்கின. மக்கள் வைத்த பணத்தை அவுரித் தோட்டம் முதலியவற்றில் முடக்கியிருந்தன. ஒன்று வீழ்ந்ததும் மற்றவை 1834ஆம் ஆண்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. சேரம்பூராரின் நிதியிற் பெரும்பங்கு அவற்றோடு போயிற்று. அதே வேளையில் அரசாங்கம் சிக்கனத்தை முன்னிட்டு வில்லியம் கோட்டைக் கல்லூரியின் பேராசிரியர் பதவிகளை ஒழித்தமையாற் கேரியின் வருவாயும் சுருங்கிற்று. 1834ஆம் ஆண்டு ஜூன் 9ஆந் திகதி அவர் காலமானார். 1837ஆம் ஆண்டு டிசம்பரில் மாஷ்மனும் மறைந்தார்.

மூவரும் போனபின் கல்லூரியைத் தாங்கியவர்கள் இருவர். ஸ்கொத்லாந்திலிருந்து வந்த யோன் மாக் என்னும் ஆசிரியர் ஒருவர். வங்காளி மொழியில் இரசாயன நூல் எழுதியவர் அவர். மாஷ்மனின் மைந்தர் யோன் கிளார்க் மாஷ்மன் மற்றவர். பத்திரிகையும் காகித ஆலையும் நடத்திக் கிடைத்த ஊதியத்தை அவர் கல்லூரிக்கே கொட்டினார். தந்தையின் பொதுப்பெட்டி விதி மகனிடத்தும் ஒருவாறு தொடர்ந்தது எனலாம்.

1845ஆம் ஆண்டில் டென்மார்க்கு அரசர் தம் இந்தியக் குடியேற்றங்களைக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு விற்றார். விலை பன்னிரண்டரை இலட்சம் ரூபா. சேரம்பூரோடு, தமிழ் வேதாகம அச்சுப்பணி தொடங்கிய தரங்கம்பாடியும் அவ்விற்பனையிற் கைமாறியது. சாசனம் கொடுத்த அரசே நீங்கிவிட்டால் சாசனத்தின் கதி என்ன? இக்கேள்வியைக் காலத்தோடு எழுப்பியமையாலேதான் கல்லூரி பிழைத்தது. உடன்படிக்கையின் ஆறாம் பிரிவிலே, மன்னர் அளித்த உரிமைகள், பிரித்தானிய இந்தியாவின் பொதுச் சட்டத்துக்கு அமைய, பிரித்தானிய அரசே அளித்தவை போலத் தொடரும் என்று எழுதப்பட்டது. கட்டடத்தை விலைக்கு வாங்கலாம். தவறவிட்ட ஒரு பிரிவைப் பின்னர் எப்பணங் கொடுத்தும் வாங்கவியலாது. அதே ஆண்டில் மாக்கும் இறந்தார்.

1856ஆம் ஆண்டில் கல்லூரி பாப்ரிஸ்து மிஷன் சங்கத்தாரின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு கல்கத்தாச் சர்வகலாசாலையோடு இணைந்து, ஏனைய கல்லூரிகளிலே தானும் ஒன்றாயிற்று. 1883ஆம் ஆண்டில் அதன் கலைப்பிரிவும் மூடப்பட, வங்காளத் திருச்சபைகளுக்குப் போதகரைப் பயிற்றும் சிறு நிலையமாக ஒடுங்கிற்று. பெரிய மண்டபங்களிலே சில மாணவர் இருந்தனர். கேரி மறுத்த குறுகிய எல்லைக்குள்ளேயே, பணமின்மையும் காலப்போக்கும் கல்லூரியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அதிபராக வந்த ஜோர்ஜ் ஹவெல்ஸ் என்பவர் பழைய சாசனத்தின் பெறுமதியை உணர்ந்தார். இந்தியாவிலே அக்காலச் சர்வகலாசாலைகள் இறையியலிற் பட்டம் வழங்குவதில்லை. அவ்வுரிமையோ சேரம்பூரிலே உறங்கிக் கிடந்தது. ஒரு சபைக்கு மட்டும் உரியதாகாமல் எல்லாச் சபைகளுக்கும் பொதுவாக அதனைப் பயன்படுத்த வேண்டுமென்று அவர் வாதாடினார். 1910ஆம் ஆண்டில் உயர்தர இறையியல் வகுப்புக்கள் ஆரம்பமாயின. அடுத்த ஆண்டிற் கலைப்பிரிவும் மீண்டும் திறக்கப்பட்டது. 1915ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆந் திகதி, சாசனம் பிறந்து 88 ஆண்டுகள் சென்றபின், அதன் அதிகாரத்தால் முதன்முறையாக இறையியற் பட்டங்கள் வழங்கப்பட்டன. 1918ஆம் ஆண்டின் சேரம்பூர்க் கல்லூரிச் சட்டம் பல சபையாரும் அமரக்கூடிய செனற் சபைக்கு வழி செய்தது.

அச்செனற் சபையோடு பிற இறையியற் கல்லூரிகளும் காலப்போக்கில் இணைந்தன. பெங்களூரிலுள்ள ஐக்கிய இறையியற் கல்லூரியும் மதுரையிலுள்ள தமிழ்நாடு இறையியற் கல்லூரியும் அவற்றுட் சேர்ந்தவை. இலங்கையிலே 1963ஆம் ஆண்டில், அங்கிலிக்கன், மெதடிஸ்த, பாப்ரிஸ்து சபையார் கூடிப் பிலிமத்தலாவையில் இலங்கை இறையியற் கல்லூரியை அமைத்தனர். சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே வளவில் தங்கித் தத்தம் மொழியிற் குருத்துவப் பயிற்சி பெறும் இடம் அது. அங்கு கற்றுத் தேறியோர் சேரம்பூர்ச் செனற் சபையின் பட்டத்தைப் பெறுகின்றனர். அதனை வழங்கும் அதிகாரத்தின் மூலம், மாஷ்மன் கொப்பன்ஹேகனிற் கேட்டுப் பெற்ற அந்தச் சாசனமே.