500 யூனிட்டுக்குள் ஒரு கோடைக்காலம்

சென்னையில் கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் வீடுகளில் இரண்டு கவலைகள் சேர்ந்தே வரும். ஒன்று, வெப்பம். மற்றொன்று, மின் கட்டணம். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் நமக்குப் புதிதல்ல. இந்த இரண்டு கவலைகளையும் நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ள ஓர் ஒர்க் ஷீட்டின் துணையோடு எப்படிச் சமாளிக்கலாம் என்று இங்கு பார்ப்போம்.

நான் சாஃப்ட்வேர் துறையில் பணிபுரிகிறேன். ஒரு புரோகிராம் மெதுவாக இயங்கினால், எந்த இடத்தில் நேரம் செலவாகிறது என்று முதலில் அளந்து பார்ப்போம். அளக்காமல் எதிலும் கை வைப்பதில்லை. வீட்டு மின்சாரத்திற்கும் இதே வழி பொருந்தும். "லைட்டை அணை, ஃபேனை அணை" என்று நாள் முழுவதும் சொல்லிக் கொண்டிருப்பதைவிட, எது எவ்வளவு எடுக்கிறது என்று தெரிந்து கொள்வது மேல்.

ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்!

தமிழகத்தில் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். கட்டணம் படிப்படியாக உயரும். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 500 யூனிட் வரை பயன்படுத்துவோருக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். ஆக, 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய்.

501 ஆனால் என்னவாகும்? 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் 4.50 ரூபாய் கணக்கிடப்படும். 501வது யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 1,958 ரூபாய். அதாவது அந்த ஒரு யூனிட்டுக்காக நாம் 233 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறோம். கட்டண விகிதங்கள் 2022க்குப் பின்னர் மாற்றப்பட்டன. எனவே உங்கள் கணக்கிற்கு, மின் வாரியத் தளத்தில் தற்போதுள்ள விகிதங்களைப் பயன்படுத்தவும்.

ஒர்க் ஷீட் அமைப்போமா?

எக்ஸெல், லிப்ரே ஆஃபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் என எதில் வேண்டுமானாலும் இதனை அமைக்கலாம். கூகுள் ஷீட்ஸ் என்றால் வீட்டில் உள்ள அனைவரும் தங்கள் மொபைல் போனிலேயே பார்க்கலாம்.

1. முதல் நெட்டு வரிசையில் தேதி, இரண்டாவதில் மீட்டர் ரீடிங். மின் வாரிய ஊழியர் கணக்கெடுத்த நாளின் ரீடிங்கை முதல் வரியில் டைப் செய்திடவும்.

2. மூன்றாவது நெட்டு வரிசையில், அன்றைய ரீடிங்கிலிருந்து முதல் நாள் ரீடிங்கைக் கழிக்கும் பார்முலாவை அமைக்கவும். முதல் நாள் ரீடிங் உள்ள செல்லின் முகவரியில் டாலர் குறிகளை இட்டுப் பூட்டிவிட்டால், பார்முலாவைக் கீழே இழுத்தாலும் மாறாது.

3. நான்காவதில், கடந்த நாட்களின் எண்ணிக்கை. ஐந்தாவதில், பயன்படுத்திய யூனிட்டை அந்த நாட்களால் வகுத்து 60 ஆல் பெருக்கவும். இதே வேகத்தில் போனால் இரு மாத முடிவில் எத்தனை யூனிட் வரும் என்பது தெரியும்.

4. இந்த ஐந்தாவது நெட்டு வரிசையைத் தேர்ந்தெடுத்து, கண்டிஷனல் ஃபார்மேட்டிங் சென்று, 500க்கு மேல் போனால் சிவப்பு நிறம் காட்டுமாறு அமைத்திடவும்.

வாரம் இரு முறை ரீடிங் எடுத்தால் போதும். மொபைல் கேமராவில் மீட்டரைப் படம் எடுத்து வைத்தால், தேதியும் அதனுடன் பதிவாகிவிடும்.

எந்தச் சாதனம் எவ்வளவு?

அடுத்து, ஒவ்வொரு சாதனத்தையும் தனியே அளக்க வேண்டும். இதற்குச் செலவில்லாத ஒரு வழி உண்டு. எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மினுக்கிக் கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மினுக்கும் என்ற எண் மீட்டரிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அது 3200 என்று வைத்துக் கொள்வோம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு சாதனத்தை மட்டும் இயக்குங்கள். ஒரு நிமிடத்தில் 16 முறை மினுக்கினால், ஒரு மணி நேரத்தில் 960 முறை. அதனை 3200 ஆல் வகுத்தால் 0.3 யூனிட். அதாவது அந்தச் சாதனம் 300 வாட் எடுக்கிறது.

ஏ.சி.க்கு இன்னும் எளிய வழி. அதில் ஒட்டியுள்ள நட்சத்திர லேபிளில் ஆண்டு மின் செலவு இருக்கும். இது 1,600 மணி நேர இயக்கத்திற்கானது. 800 யூனிட் என்று இருந்தால், மணிக்கு அரை யூனிட். நம் ஊர் வெயிலிலும், ஃபில்டரில் தூசி அடைந்திருந்தாலும் சற்றுக் கூடும். எனினும் தோராயக் கணக்கிற்கு இது போதும்.

இப்போது ஒரு நடுத்தர வீட்டின் 60 நாள் கணக்கைப் பார்ப்போம். ஏ.சி. இரவு 8 மணி நேரம்: 240 யூனிட். 75 வாட் சீலிங் ஃபேன்கள் மூன்று, தினம் 15 மணி நேரம்: 202. பிரிட்ஜ்: 40. டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் மானிட்டருடன் 120 வாட், 6 மணி நேரம்: 43. இரவு பகலாக ஓடும் 10 வாட் வைஃபை ரூட்டர்: 14. விளக்கு, மிக்ஸி, டிவி, வாஷிங் மெஷின், மோட்டார் எல்லாம் சேர்த்து 60. மொத்தம் 599 யூனிட். 2022 கட்டணப்படி 2,742 ரூபாய்.

பலரும் ஏ.சி.யை மட்டுமே குற்றம் சொல்கிறோம். மூன்று ஃபேன்கள் ஏறத்தாழ அதே அளவு எடுப்பதைக் கவனித்தீர்களா? இவற்றுக்குப் பதிலாக 30 வாட் அளவில் இயங்கும் பி.எல்.டி.சி. ஃபேன்கள் பொருத்தினால் 202 யூனிட் 81 ஆகக் குறையும். மொத்தம் 478, கட்டணம் 1,593 ரூபாய். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாவிட்டால், அதிக நேரம் ஓடுவதை முதலில் மாற்றுங்கள். இரண்டை மாற்றினாலே 518க்கு வந்துவிடும்.

கம்ப்யூட்டரையும் கவனியுங்கள்

ஸ்கிரீன் சேவர் மின்சாரத்தை மிச்சப்படுத்தாது. மானிட்டர் இயங்கிக்கொண்டேதான் இருக்கும். விண்டோஸ் 11ல் ஸ்டார்ட் > செட்டிங்ஸ் > சிஸ்டம் > பவர் எனச் சென்று, திரை 5 நிமிடத்திலும், கம்ப்யூட்டர் 15 நிமிடத்திலும் ஸ்லீப் நிலைக்குச் செல்லுமாறு அமைத்திடவும். 80 வாட் எடுக்கும் கம்ப்யூட்டர் ஒன்றை இரவில் 10 மணி நேரம் சும்மா ஓடவிட்டால், இரு மாதத்தில் 48 யூனிட் வீண்.

லேப்டாப் வைத்திருப்போர் அன்றாட வேலைகளை அதிலேயே செய்யலாம். 40 வாட் என்று கொண்டால், 43 யூனிட் 14 ஆகிவிடும். லித்தியம் அயன் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. எனவே லேப்டாப்பை மெத்தை மீது வைத்துப் பயன்படுத்த வேண்டாம். 80 சதவீதத்துடன் சார்ஜை நிறுத்தும் வசதி உங்கள் லேப்டாப்பில் இருந்தால் அதனை இயக்கி வைக்கவும்.

மிச்சம் எதற்கு?

என் அப்பாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மதியம் ஏ.சி. போடச் சொன்னால், "பில்லு எகிறிடும்டா, எனக்கு ஃபேனே போதும்" என்பார். பல வீடுகளில் பெரியவர்கள் இப்படித்தான். ஆனால் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் காற்று உடலை மேலும் சூடாக்கும் என உலக சுகாதார அமைப்பு எச்சரிக்கிறது. வயதானவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம்.

அறிவுரைக்கு அசையாத அப்பா, ஒர்க் ஷீட்டுக்கு அசைந்தார். மேலே கண்ட கணக்கையே தொடர்வோம். ஃபேன்களை மாற்றி, டெஸ்க்டாப்புக்குப் பதில் லேப்டாப் பயன்படுத்தினால் 449 யூனிட். மதியம் 2 மணி நேரம் கூடுதலாக ஏ.சி. ஓடினால் 60 யூனிட் சேர்ந்து 509. இங்குதான் ரிமோட் உதவிக்கு வருகிறது. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு. 2020 ஜனவரியிலிருந்து ஏ.சி.க்கள் 24 டிகிரியில் தொடங்குமாறே தயாரிக்கப்பட வேண்டும் என்ற விதியும் உள்ளது. 24க்குப் பதில் 26 வைத்து, ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டால், 300 யூனிட்டில் 36 குறையும். மொத்தம் 473. மதிய ஏ.சி.யும் கிடைத்தது; 500ம் தாண்டவில்லை. இந்த எண்ணைக் காட்டிய பிறகு, சாப்பிட்டதும் அப்பாவே ரிமோட்டை எடுக்கிறார்.

கொஞ்சம் வெளியேயும் போவோம்

மாலையில் குளிர்ச்சிக்கு மீட்டர் ஓட வேண்டிய அவசியமே இல்லை. பகலில் கடலைவிட நிலம் வேகமாகச் சூடாகிறது. சூடான காற்று மேலெழ, கடல் மீதுள்ள குளிர்ந்த காற்று ஊருக்குள் வருகிறது. இதுவே கடற்காற்று. மேற்குக் காற்று பலமாக வீசும் நாட்களில் இது தாமதமாகும். அன்றுதான் சென்னை கொதிக்கும். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மௌசம் அப்ளிகேஷனை மொபைலில் நிறுவிக் கொண்டால் வெப்பநிலையும் காற்றின் நிலையும் தெரியும். காற்று கிழக்கு அல்லது தென்கிழக்குக்குத் திரும்பியதும் ஏ.சி.யை நிறுத்தி, அந்தப் பக்க ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

வெயில் தாழ்ந்ததும் மெரினாவுக்கோ பெசன்ட் நகர் கடற்கரைக்கோ குடும்பத்துடன் கிளம்பலாம். சுண்டலும் சுட்ட சோளமும் சாப்பிட்டுத் திரும்பும் இரண்டு மணி நேரமும் வீட்டில் பிரிட்ஜும் ரூட்டரும் மட்டுமே ஓடும். பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால், பகலில் 2010ல் திறக்கப்பட்ட கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திற்கு அழைத்துச் செல்லலாம். குளிரூட்டப்பட்ட கட்டடம், குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவும் உண்டு. கிளம்பும் முன் ரூட்டரைத் தவிர மற்ற பிளக்குகளின் சுவிட்சை அணைத்தீர்களா என்று ஒருமுறை பார்த்துக் கொள்ளுங்கள். பிரிட்ஜை மட்டும் அணைத்துவிட வேண்டாம்!

அடுத்த முறை மின் வாரிய ஊழியர் ரீடிங் எடுக்க வரும் அன்றே உங்கள் ஒர்க் ஷீட்டைத் தொடங்குங்கள். முதல் இரண்டு வாரத்திலேயே உங்கள் வீட்டில் மின்சாரம் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அந்த ஐந்தாவது நெட்டு வரிசையை அவர்களிடமும் காட்டுங்கள்.