ஒளியே அளவுகோல்: விண்கல இணைப்பும் காற்றை அளக்கும் லேசரும்

பெங்களூரில் தமிழர் பலர் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் அல்சூர், ஜோகுபாளையம் பகுதிகளுக்குக் கிழக்கே, பழைய விமான நிலையச் சாலை வழியாகச் சில கிலோமீட்டர் சென்றால் வருவது, இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனமும் இஸ்ரோவின் யு. ஆர். ராவ் செயற்கைக்கோள் மையமும் அமைந்துள்ள விமானபுரா வட்டாரம். 1940இல் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய விமானத் தொழிற்சாலையே அங்கு பின்னர் வளர்ந்த வான்வெளித் தொழில் அனைத்துக்கும் வித்திட்டது. நகரின் மறுகோடியில் உள்ள பீண்யா தொழிற்பேட்டையின் கொட்டகைகளில் உருவாகி 1975 ஏப்ரல் 19 அன்று விண்ணில் ஏவப்பட்ட ஆரியபட்டா, இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஆயிற்று. ஆரியபட்டா பிறந்த அதே இடத்தில் இன்று, விண்கலங்களின் கண்களாகிய உணர்விகளை வடிவமைக்கும் மின்-ஒளியியல் அமைப்புகளுக்கான ஆய்வகம், சுருக்கமாக லியோஸ், இயங்கிவருகிறது.

இந்நகரத்து நிறுவனங்களின் உழைப்பில் உருவான ஸ்பேடெக்ஸ் திட்டத்தின் இரண்டு செயற்கைக்கோள்கள் 2025 ஜனவரி 16 அன்று விண்வெளியில் ஒன்றோடொன்று இணைந்தபோது, செய்திகளில் பெரிதும் பேசப்பட்டது அவற்றைப் பூட்டிய பொறியமைப்பே. ஆனால், பூட்டுவதற்கு முன்பாக, ஒரு கலம் மற்றொன்றிலிருந்து எவ்வளவு தொலைவில், எந்தத் திசையில், எந்த வேகத்தில் உள்ளது என்பதை இடைவிடாமல் அளந்தறிவதே இப்பணியின் கடினமான பகுதியாகும். அவ்வாறு அளப்பதற்குத் துணைநின்ற லேசர், அதாவது ஒரே நிறமும் ஒரே ஒழுங்கும் கொண்டு குறுகிய கற்றையாகப் பாயும் சீரொளி, காற்றில் மிதக்கும் தூசு, நீராவி, காற்றின் வேகம் ஆகியவற்றை அளக்கும் கருவிகளுக்கும் அடிப்படையாக உள்ளது. தொடர்பற்றவைபோலத் தோன்றும் இவ்விரு துறைகளும், ஒளியை அனுப்பி, திரும்பி வருவதைக் கொண்டு தொலைவிலுள்ளதை அறிதல் என்னும் ஒரே நெறியின் இரு கிளைகளே.

நெருங்குவதில் உள்ள சிக்கல்

பூமியிலிருந்து 475 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு கலம் நொடிக்கு ஏறத்தாழ 7.6 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அந்த வேகம் ஒருபுறமிருக்க, சுற்றுப்பாதையின் இயற்பியல் நிலத்தில் பழகிய அறிவுக்கு நேர்மாறாக இயங்குவதே பெருஞ்சிக்கலாகும். முன்னால் செல்லும் கலத்தைப் பிடிக்க எண்ணிப் பின்னாலுள்ள கலம் வேகத்தைக் கூட்டினால், அது உயரமான பாதைக்கு ஏறிவிடுகிறது. உயரமான பாதையில் ஒரு சுற்றுக்கு அதிக நேரம் ஆவதால், அக்கலம் மேலும் பின்தங்கிப் போகிறது. மாறாக, வேகத்தைக் குறைத்தால் அது தாழ்ந்த பாதைக்கு இறங்கி, விரைவாகச் சுற்றி, முன்னதை எட்டுகிறது. 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தில் சென்ற ஜேம்ஸ் மெக்டிவிட், தம் ராக்கெட்டிலிருந்து கழன்று மிதந்த பகுதியை நோக்கி நேராகக் கலத்தைச் செலுத்தி நெருங்க முயன்று தோற்றதற்கு இவ்விதியே காரணமாயிற்று.

அந்தப் பாடத்தைக் கற்றுத் தேர்ந்த அமெரிக்கா, 1966 மார்ச் 16 அன்று நீல் ஆம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் சென்ற ஜெமினி 8 கலத்தை ஆளில்லா அஜேனா கலத்துடன் இணைத்து, வரலாற்றின் முதல் விண்கல இணைப்பை நிகழ்த்தியது. அடுத்த ஆண்டு அக்டோபர் 30 அன்று சோவியத் நாடு, காஸ்மாஸ் 186, 188 என்னும் ஆளில்லாக் கலங்களைத் தானியங்கி முறையில் இணைத்துக் காட்டியது. சீனா 2011 நவம்பரில் ஷென்சோ 8 கலத்தைத் தியான்கோங் 1 ஆய்வுக்கூடத்துடன் இணைத்தது. அளவீடு பிழைத்தால் நேர்வது என்ன என்பதற்கும் வரலாற்றில் சான்றுகள் உள்ளன: 1997 ஜூன் 25 அன்று, தொலைவிலிருந்து கையால் இயக்கும் முறையைச் சோதித்தபோது புரோகிரஸ் சரக்குக் கலம் ரஷ்யாவின் மீர் நிலையத்தில் மோதி, ஸ்பெக்டர் என்னும் அறையில் துளையிட்டது, 2005 ஏப்ரலில் நாசாவின் டார்ட் என்னும் தானியங்கிச் சோதனைக் கலம் தான் நெருங்க வேண்டிய செயற்கைக்கோள் மீதே மோதியது.

ஸ்பேடெக்ஸ் கண்ட வழி

2024 டிசம்பர் 30 இரவு 10 மணியளவில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி60 ராக்கெட், தலா 220 கிலோகிராம் எடையுள்ள இரண்டு செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்றது. அவற்றுள் துரத்திச் செல்வது சேசர் என்றும், நெருங்கப்படுவது டார்கெட் என்றும் பெயர் பெற்றன. ஒரே ராக்கெட்டில் சென்று சிறிய வேக வேறுபாட்டுடன் பிரிந்த இக்கலங்கள், முதலில் பத்து இருபது கிலோமீட்டர் இடைவெளிக்கு விலகிச் சென்று, பின்னர் 5 கிலோமீட்டர், 1.5 கிலோமீட்டர், 500 மீட்டர், 225 மீட்டர், 15 மீட்டர், 3 மீட்டர் எனக் குறிக்கப்பட்ட இடங்களில் நின்று நின்று நெருங்கும்படி திட்டமிடப்பட்டது. ஒவ்வொரு நிலையிலும் அளவீடுகள் சரிபார்க்கப்பட்டு, ஐயம் எழுந்தால் பின்வாங்குவதற்கு இம்முறை இடமளித்தது.

இந்நெருக்கத்தின் கட்டங்களுக்கேற்ப உணர்விகளும் மாறுகின்றன. தொலைவில் இருக்கும்போது, இரு கலங்களும் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளிலிருந்து கணிக்கும் தத்தம் இருப்பிடங்களைத் தமக்கிடையிலான வானொலித் தொடர்பு மூலம் பகிர்ந்துகொண்டு, இடைவெளியைக் கணக்கிடுகின்றன. 6,000 மீட்டரிலிருந்து 200 மீட்டர் வரை லேசர் தொலைவுமானி பணியாற்றுகிறது. இது அனுப்பும் துடிப்பை டார்கெட் கலத்தில் பொருத்தப்பட்ட மூலை எதிரொளிப்பான்கள், அதாவது ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று கண்ணாடிப் பரப்புகளால் ஆகி, எத்திசையிலிருந்து ஒளி வந்தாலும் அதே திசையில் திருப்பி அனுப்பும் எளிய அமைப்புகள், மீண்டும் சேசரிடமே சேர்க்கின்றன. ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், 6 கிலோமீட்டர் தொலைவுக்குச் சென்று திரும்ப 40 மைக்ரோ நொடிகளே ஆகின்றன. ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுக்குக் கடிகாரம் பிழைத்தாலும் தொலைவு 15 சென்டிமீட்டர் தவறாகிவிடும் என்பதிலிருந்து, இக்கருவிகளின் நுட்பத்தை உணரலாம்.

அருகில் வந்தபின் தொலைவு மட்டும் போதாது; எதிர்க் கலம் எந்தப் பக்கம் சாய்ந்துள்ளது, எவ்வளவு திரும்பியுள்ளது என்பதும் தெரிய வேண்டும். ஆகவே, டார்கெட்டின் முகத்தில் ஒளிரும் லேசர் டையோடு விளக்குகளின் அமைப்பைப் படமெடுத்து, படத்தில் அவ்விளக்குகள் தோன்றும் இடங்களைக் கொண்டு நிலையைக் கணிக்கும் உணர்விகள் பொறுப்பேற்கின்றன. 30 மீட்டரிலிருந்து 40 சென்டிமீட்டர் வரை பணியாற்றும் அண்மை உணர்வியும், 8 சென்டிமீட்டரிலிருந்து 4 சென்டிமீட்டர் வரையிலான இறுதி நுழைவை உறுதிசெய்யும் உணர்வியும் இவ்வரிசையில் அடுத்தடுத்து வருகின்றன.

இணைப்புப் பொறியும் குறிப்பிடத்தக்கதே. ஒரு கலத்தில் முனையும் மற்றொன்றில் குழியுமாக அமைக்கும் பழைய முறையை விட்டு, இரு கலங்களிலும் ஒரே வடிவமான பொறியைப் பொருத்தும் முறை இதில் கையாளப்பட்டுள்ளது. சோவியத் பொறியாளர் விளாதிமிர் சிரோமியாத்னிகோவ் 1975ஆம் ஆண்டு அப்பல்லோ-சோயுஸ் சந்திப்புக்காக உருவாக்கிய அமைப்பில் இக்கருத்து புகழ்பெற்றது. இரு நாடுகளில் எவருடைய கலமும் மற்றதற்குக் கீழ்ப்பட்டதாகத் தோன்றாமல் இருக்கவும் அது உதவியது. மனிதர் செல்லும் கலங்களுக்கான பன்னாட்டுத் தர இணைப்புப் பொறி 800 மில்லிமீட்டர் விட்டமும் 24 மோட்டார்களும் கொண்டிருக்க, ஸ்பேடெக்ஸ் பொறி 450 மில்லிமீட்டர் விட்டத்தில் இரண்டே மோட்டார்களால் இயங்குகிறது. நொடிக்கு 10 மில்லிமீட்டர் அளவிலான மெல்லிய வேகத்தில் நெருங்குவதாலேயே இந்த எளிமை சாத்தியமாகிறது. அத்தகைய மெல்லிய வேகத்தை நம்பிக்கையோடு கடைப்பிடிக்கச் சரியான அளவீடு வேண்டும் என்பதால், உணர்வியின் நுட்பமே பொறியின் எடையைக் குறைத்தது எனலாம்.

திட்டம் எண்ணியபடியே நடந்துவிடவில்லை. ஜனவரி 7 அன்று நிகழவேண்டிய இணைப்பு, தரையில் நடந்த ஒத்திகையில் கண்டறியப்பட்ட ஒரு சூழ்நிலையைச் சரிபார்ப்பதற்காக 9ஆம் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. 225 மீட்டருக்கு நெருங்கும் முயற்சியின்போது கலங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக விலகியதால் அதுவும் ஒத்திவைக்கப்பட்டது. 12ஆம் தேதி 15 மீட்டர், பின்னர் 3 மீட்டர் வரை நெருக்கிப் பார்த்துவிட்டு, கலங்கள் பாதுகாப்பான தொலைவுக்குப் பின்னகர்த்தப்பட்டன. நான்கு நாள்களுக்குப் பின் பற்றுதல், உள்ளிழுத்தல், இறுக்குதல் என்னும் மூன்று படிகளும் நிறைவேறி, இஸ்ரோவின் கணக்குப்படி இந்தியா இத்திறன் பெற்ற நான்காவது நாடாயிற்று. இவ்வெற்றிக்கு மூன்று நாள்களுக்கு முன்புதான் குமரி மாவட்டத்தைச் சேர்ந்த வி. நாராயணன் இஸ்ரோவின் தலைவராகப் பொறுப்பேற்றிருந்தார். மார்ச் 13 அன்று பிரிக்கப்பட்ட கலங்கள் ஏப்ரல் 20 அன்று மீண்டும் இணைந்தபோது, கடைசி 15 மீட்டரை இடையில் நிற்காமல் தானியங்கி முறையிலேயே கடந்தன. அதன்பின் ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் செலுத்தும் சோதனையும் வெற்றி கண்டது.

காற்றைப் படிக்கும் ஒளி

இதே ஒளித் துடிப்பை எதிரொளிப்பானை நோக்கி அல்லாமல் வெற்று வானத்தை நோக்கி அனுப்பினால் திரும்பி வருவது என்ன? இருளடைந்த கூடத்தில் ஓட்டின் இடுக்கு வழியே விழும் வெயிற்கற்றை, மிதக்கும் தூசுகளால் கண்ணுக்குத் தெரிவதுபோல, வளிமண்டலத்தின் துகள்களும் மூலக்கூறுகளும் லேசர் ஒளியைச் சிதறடித்து, அதில் மிகச் சிறிய பகுதியை அனுப்பிய இடத்துக்கே திருப்புகின்றன. அத்துளி ஒளியைத் தொலைநோக்கியால் திரட்டி, திரும்பிய நேரத்தைக் கொண்டு உயரத்தையும், வலிமையைக் கொண்டு அந்த உயரத்திலுள்ள துகள்களின் அளவையும் கணிக்கும் கருவியே லைடார். தியடோர் மைமன் 1960இல் முதல் லேசரை இயக்கிக் காட்டிய மூன்றே ஆண்டுகளில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பியோக்கோவும் ஸ்முல்லினும் லேசரை மேல்வானுக்குச் செலுத்தி எதிரொளியைப் பதிவு செய்தனர்.

சிதறல்களுள் ஒருவகை தமிழ் வாசகர்களுக்கு அணுக்கமானது. திருச்சிராப்பள்ளியில் பிறந்து, பின்னாளில் பெங்களூரில் வாழ்ந்து மறைந்த சர் சி. வி. ராமன் 1928இல் கண்டறிந்த விளைவின்படி, மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியின் ஒரு சிறு பங்கு, அந்த மூலக்கூறுக்கே உரிய அளவில் நிறம் மாறுகிறது. 355 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா லேசரைச் செலுத்தினால், நைட்ரஜனிலிருந்து 387 நானோமீட்டரிலும் நீராவியிலிருந்து 408 நானோமீட்டரிலும் ஒளி திரும்புகிறது. இரண்டின் விகிதத்தைக் கணக்கிட்டால், எந்த உயரத்தில் எவ்வளவு ஈரம் உள்ளது என்பது தெரிந்துவிடுகிறது. மழைமேகம் உருவாகுமா என்பதைத் தீர்மானிப்பது இந்த ஈரமே ஆதலால், ராமன் லைடார் இன்று வானிலை ஆய்வின் நம்பகமான கருவிகளுள் ஒன்றாக உள்ளது.

காற்றின் வேகத்தை அளப்பதற்கு டாப்ளர் விளைவு பயன்படுகிறது. ஒலியோ ஒளியோ எழுப்பும் பொருள் நெருங்கும்போது அதிர்வெண் கூடியும் விலகும்போது குறைந்தும் தோன்றுவதே அவ்விளைவு. நொடிக்கு ஒரு மீட்டர் வேகமுள்ள காற்று, எதிரொளியின் அதிர்வெண்ணை ஏறத்தாழ 15 கோடியில் ஒரு பங்கு மட்டுமே மாற்றுகிறது. இத்தகைய நுண்மாற்றத்தை விண்வெளியிலிருந்து அளக்க ஐரோப்பிய விண்வெளி முகமை உருவாக்கிய ஏயோலஸ் செயற்கைக்கோள், 1999இல் ஒப்புதல் பெற்றும் 2018 ஆகஸ்டில்தான் ஏவப்பட்டது. வலிமையான புற ஊதாக் கதிர் வெற்றிடத்தில் கண்ணாடிகளைக் கறைப்படுத்தியதே தாமதத்துக்கு ஒரு முக்கியக் காரணம்; லேசருக்கருகே சிறிதளவு ஆக்சிஜனைச் செலுத்திக் கறையைத் தவிர்க்கும் வழியைப் பொறியாளர்கள் கண்டனர். 2023 ஏப்ரல் வரை அது அளித்த காற்றளவுகள் ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பில் நேரடியாகப் பயன்பட்டன.

இந்தியாவில் வளிமண்டல லைடார் தரையில் நின்றே வளர்ந்தது. புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 1980களிலேயே லேசரால் தூசுத்துகள்களை அளக்கத் தொடங்கியது. திருப்பதிக்கு அருகே கடங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வகத்தில் 1998இல் ஜப்பானின் ஒத்துழைப்போடு நிறுவப்பட்ட லைடார், தாழ்ந்த உயரங்களில் தூசையும் மெல்லிய பனிப்படிக மேகங்களையும், தூசே இல்லாத 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரங்களில் காற்றின் அடர்த்தியையும், அடர்த்தியிலிருந்து வெப்பநிலையையும் கணித்துத் தந்தது.

இரு கிளைகளும் சந்திக்கும் இடம்

விண்வெளியில் லேசரை இயக்கும் திறன் இந்தியாவுக்குப் புதியதன்று. 2008இல் ஏவப்பட்ட சந்திரயான்-1 நிலவின் மேடுபள்ளங்களை லியோஸ் உருவாக்கிய லேசர் கருவியால் அளந்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3இன் விக்ரம் கலம், உயரத்தை லேசர் துடிப்பாலும், இறங்கும் வேகத்தை லேசர் டாப்ளர் வேகமானியாலும் அறிந்தது. காற்றின் வேகத்தை ஏயோலஸ் அளந்ததற்கும் நிலவின் தரையை ஒப்பிட்டு விக்ரம் தன் வேகத்தை அளந்ததற்கும் அடிப்படை விதி ஒன்றே. திடமான தரை தரும் எதிரொளி வலியது, மெல்லிய காற்று தரும் எதிரொளி மிக நலிந்தது என்பதே வேறுபாடு.

விண்கல இணைப்பின் அடுத்த படிகள் திட்டமிடப்பட்டுவிட்டன. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த சந்திரயான்-4, நிலவின் மண்ணைப் பூமிக்குக் கொண்டுவரப் பல பகுதிகளை விண்ணில் இணைத்தாக வேண்டும்; 2028இல் முதல் அறையை ஏவத் திட்டமிடப்பட்டுள்ள பாரதிய அந்தரிக்ஷ் நிலையமும் அறைக்கு அறை இணைத்தே கட்டப்படும். அதே உறுதி வளிமண்டல லைடாரிலும் வேண்டும். பருவமழையை நம்பி விதைக்கும், புயலுக்கு அஞ்சிக் கரையேறும் மக்களுக்கு, இந்தியப் பெருங்கடலின் மேலுள்ள காற்றையும் ஈரத்தையும் உயரம் உயரமாக அளந்து சொல்லும் செயற்கைக்கோள் ஒன்று, விண்வெளி நிலையத்துக்கு எவ்வகையிலும் குறைந்த தேவை அன்று. அதற்கு வேண்டிய அறிவின் பெரும்பகுதி பெங்களூரின் ஆய்வகங்களிலும் கடங்கியின் கண்காணிப்புக் கூடத்திலும் ஏற்கெனவே உள்ளது. அவ்விரண்டையும் ஒரே திட்டத்தின்கீழ்க் கொண்டுவருவதே இனி ஆற்றவேண்டிய பணி.