கைதட்டல் முடிந்து பத்தாவது வாரம்

2011 ஏப்ரல் 12 இரவு, அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் ஒரு ஹோட்டல் அரங்கம் வீடியோ எடிட்டர்களால் நிரம்பி வழிந்தது. என்.ஏ.பி. ஒளிபரப்புக் கண்காட்சி நடக்கும் வாரத்தில் ஆப்பிளின் எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் புரோவின் பயனர் குழுக்கள் அந்நாளில் ஆண்டுதோறும் கூடிவந்த 'சூப்பர்மீட்' அது. மேடையேறிய ஆப்பிள் நிறுவனத்தார், வரப்போகும் ஃபைனல் கட் புரோ எக்ஸை முதன்முறையாகக் காட்டினார்கள். அரங்கமே அதிர்ந்தது.

அந்த ஆரவாரத்துக்குக் காரணம் இருந்தது. பழைய ஃபைனல் கட் 32-பிட் மென்பொருள். கணினியில் எவ்வளவு மெமரி இருந்தாலும் 4 ஜி.பி.க்கு மேல் அதனால் தொட முடியாது. ஒரு எஃபெக்ட் போட்டுவிட்டு, ரெண்டர் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். புதியதோ 64-பிட். எடிட்டர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ரெண்டர் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு ஷாட்டை நகர்த்தினால் மற்ற ஷாட்டுகள் தாமே விலகி இடம் கொடுக்கும் 'காந்த டைம்லைன்' வேறு. ஃபைனல் கட் ஸ்டுடியோ தொகுப்பு 999 டாலருக்கு விற்ற காலத்தில் இதன் விலை 299 டாலர் என்று அறிவித்தபோது கைதட்டல் உச்சத்துக்குப் போனது.

அப்போது ஃபைனல் கட்டின் செல்வாக்கும் உச்சத்தில்தான் இருந்தது. 2003இல் வெளிவந்த 'கோல்ட் மவுண்டன்' படத்தை எடிட்டர் வால்டர் மர்ச் அதில் வெட்டி ஆஸ்கர் பரிந்துரை பெற்றிருந்தார். அதே மென்பொருளில் எடிட் செய்யப்பட்ட 'த சோஷியல் நெட்வொர்க்', எடிட்டிங்குக்கான ஆஸ்கரை வென்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

ஜூன் 21 அன்று மென்பொருள் விற்பனைக்கு வந்தது. ஏப்ரல் இரவிலிருந்து சரியாகப் பத்து வாரம். மேடையில் காட்டிய எல்லாமே அதில் இருந்தன. மேடையில் பேசாதவை அன்றுதான் தெரிய வந்தன. பழைய பதிப்பான ஃபைனல் கட் 7இல் செய்த புராஜெக்டுகள் புதியதில் திறக்கவில்லை. பல கேமராக்களில் எடுத்ததை ஒருங்கிணைத்து வெட்டும் மல்டிகேம் இல்லை. எக்ஸ்.எம்.எல்., ஓ.எம்.எஃப்., இ.டி.எல். கோப்புகள் எதுவும் ஏற்றுமதி ஆகாது. எடிட் செய்ததை டேப்பில் ஏற்றும் வழியும் இல்லை.

வெளியே இருப்பவர்களுக்கு இவை வெறும் எழுத்துக் கூட்டங்களாகத் தெரியலாம். எடிட்டரின் மேசையில் ஒரு படம் முடிந்துவிடுவதில்லை. ஒலி வேலைக்கு ஒரு ஸ்டுடியோ, கலர் கரெக்‌ஷனுக்கு வேறொரு இடம், கிராஃபிக்ஸுக்கு இன்னொரு குழு. எந்த ஷாட் எந்த நொடியில் தொடங்குகிறது, எந்த வசனம் எந்த ட்ராக்கில் இருக்கிறது என்ற விவரத்தை இந்த அறைகளுக்கிடையே சுமந்து செல்பவை அந்தக் கோப்புகள்தாம். அவை இல்லையென்றால் எடிட்டர் எவ்வளவு வேகமாக வெட்டினாலும் அவர் உழைப்பு அவர் அறையைத் தாண்டாது. பழைய புராஜெக்ட் திறக்காதது அதைவிடப் பெரிய அடி. போன வருடம் முடித்த ஆவணப்படத்தில் இரண்டு நிமிடம் குறைத்துத் தரச் சொல்லி வாடிக்கையாளர் இன்று வந்து நிற்பார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

இத்தனைக்கும் மேலாக, ஆப்பிள் அதே நாளில் ஃபைனல் கட் 7இன் விற்பனையை நிறுத்திவிட்டது. பாதி வேலையில் இருக்கும் ஒரு ஸ்டுடியோ கூடுதலாக ஓர் எடிட்டரை உட்கார வைக்க நினைத்தால், வாங்குவதற்கு மென்பொருள் இல்லை. கோபத்தின் கொதிநிலை இதுதான் என்று நினைக்கிறேன். குறையுள்ள புதுப் பொருளை எடிட்டர்கள் பொறுத்திருப்பார்கள்; இருந்ததையும் பிடுங்கிக்கொண்டதை அவர்களால் பொறுக்க முடியவில்லை.

ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு மனு அனுப்பினார்கள். கோனன் ஓ'பிரையனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எடிட்டர்களே நடித்து ஒரு கிண்டல் வீடியோ ஒளிபரப்பினார்கள். போட்டி நிறுவனங்களான அடோபியும் ஆவிடும் ஃபைனல் கட்காரர்களுக்குத் தள்ளுபடி அறிவித்தன. வருடக்கணக்கில் ஃபைனல் கட்டில் வேலை செய்த பலர் இடம் மாறினார்கள். கைவிரலுக்குப் பழகிப்போன ஷார்ட்கட்டுகளை மறந்து, வேறொரு மென்பொருளில் முதலிலிருந்து கற்றுக்கொள்வது சின்ன விஷயமல்ல. வாடகையும் டெலிவரி தேதியும் அதற்காகக் காத்திருப்பதில்லை.

மாற்றத்துக்கு அஞ்சுகிறவர்கள் என்று அன்று இந்த எடிட்டர்களைப் பலர் இளக்காரமாகப் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புதியதை வடிவமைத்த ராண்டி உபிலாஸ், அடோபியில் பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளின் தொடக்கப் பதிப்புகளையும் பிறகு ஃபைனல் கட்டையும் உருவாக்கியவர். எடிட்டிங் தெரியாதவர் செய்த வேலை என்று அதை யாரும் ஒதுக்க முடியாது. காந்த டைம்லைன் நல்ல சிந்தனை. பழகியவர்கள் இன்றுவரை அதை விட்டுக்கொடுப்பதில்லை. அதே நேரம் எடிட்டர்கள் கேட்ட ஒவ்வொன்றும் நியாயமான தேவைதான் என்பதற்கு ஆப்பிளின் அடுத்தடுத்த நடவடிக்கைகளே சாட்சி. சில வாரங்களில் ஃபைனல் கட் 7 வரையறுக்கப்பட்ட அளவில் மீண்டும் விற்பனைக்கு வந்தது. செப்டம்பரில் எக்ஸ்.எம்.எல். வந்தது. 2012 ஜனவரியில் மல்டிகேம் வந்தது, அதுவும் பழையதைவிடச் சிறப்பாக. பழைய புராஜெக்டுகளைக் கொண்டுவரும் கருவியை மட்டும் வேறொரு சிறு நிறுவனம்தான் செய்து கொடுத்தது.

இவையெல்லாம் வரப்போகின்றன என்று ஏப்ரல் மேடையிலேயே சொல்லியிருக்கலாம். இன்னின்னவை முதல் பதிப்பில் இருக்காது, அதுவரை பழையது கடையில் கிடைக்கும் என்று இரண்டே வாக்கியம். ஆரவாரம் கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் ஜூன் மாதத்தில் எத்தனையோ ஸ்டுடியோக்கள் பதறியிருக்க வேண்டியதில்லை.

சொன்னதற்கும் கிடைத்ததற்கும் இடையிலான அந்த இடைவெளியின் விளைவு நெடுநாள் நீடித்தது. தென்கொரியாவின் 'பாரசைட்' 2019இல் வெளிவந்தது. ஆஸ்கரில் எடிட்டிங் பரிந்துரையும் பெற்ற அந்தப் படம் வெட்டப்பட்டது, ஆப்பிள் எட்டு ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட ஃபைனல் கட் 7இல். 2022இல் திரைத்துறையினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆப்பிள் தலைவர் டிம் குக்குக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். ஃபைனல் கட்டை விரும்பிப் பயன்படுத்துகிறவர்கள் அவர்கள். பலர் சேர்ந்து ஒரே படத்தில் வேலை செய்யும் வசதியை அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

புதியதை அறிமுகப்படுத்தும் விஷயத்தில் பிளாக்மேஜிக் நிறுவனம் நடந்துகொண்ட விதம் எனக்குப் பிடிக்கிறது. 2019இல் தன் எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் 16ஆம் பதிப்பில் வேக எடிட்டிங்குக்கென 'கட்' என்ற புதுப் பக்கத்தைக் கொண்டுவந்தது. அதுவும் டைம்லைனைக் கையாளும் முறையையே மாற்றிப் பார்த்த துணிச்சலான முயற்சிதான். தங்களுக்கு இது தேவையில்லை என்று முகம் சுளித்த எடிட்டர்கள் அப்போதும் இருந்தார்கள். அவர்கள் பழகிய 'எடிட்' பக்கம் அதே மென்பொருளில், பக்கத்திலேயே இருந்தது. முழுப் பதிப்பு வருவதற்கு முன் பீட்டா என்ற சோதனைப் பதிப்பை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்த்துக் குறை சொல்லலாம். மறுநாள் டெலிவரி இருந்தவர்கள் புதிய பக்கத்தைத் திறக்காமலே வேலையை முடித்துக் கொடுத்தார்கள்.